வெள்ளிக்கிழமைச் சிகரெட்

எங்கள் சாப்பாட்டுக் கடையில் சிகரெட் பிடிக்க உரிமை உள்ளவன் ஒரே ஒருத்தன்தான். அவன் ஒரு முழ உயரம்கூட இல்லை. சுண்ணச் சாந்தில் செய்த தொப்பை, சாயம் பூசிய கன்னம், மெல்லிய மீசை, எந்நேரமும் சிரிக்கிற வாய். அந்த வாயில் சிகரெட் செருகுவதற்கென்றே ஒரு ஓட்டை. பொலிவியாவில் எக்கேக்கோ என்றால் தொட்டில் குழந்தைக்கும் தெரியும். நமக்கு என்ன வேண்டுமோ அதைக் குட்டியாகச் செய்வித்து அவன் உடம்பில் தொங்கவிட்டால், பெரியதாகத் திருப்பித் தருவான். பதிலுக்கு அவன் கேட்பது வெள்ளிக்கிழமைதோறும் ஒரு சிகரெட். அதை மறந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான், அப்புறம் வீட்டில் பால்கூடப் பொங்காது.

இவனை யாரும் தனக்குத்தானே வாங்கிக்கொள்ளக் கூடாது, பிறர்தான் தர வேண்டும். என் கணவர் செனோன், பொலிவியாவில் ஒருரோ ஊருக்குப் பக்கத்திலிருந்த தகரச் சுரங்கத்தை விட்டுவிட்டு அர்ஜென்டினாவுக்குக் கிளம்பியபோது, கூட வேலை செய்தவர்கள் சேர்ந்து தந்த பொம்மை இது. அதன் கழுத்தில் நாங்கள் முதலில் தொங்கவிட்டது ஒரு குட்டிக் கடை. இன்று புவெனஸ் ஐரிஸில், லினியேர்ஸ் ரயில் நிலையத்துக்குப் பின்னால், வேர்க்கடலை சூப்பு மணக்க எங்கள் கடை நிற்கிறது. அதனால் எக்கேக்கோவைப் பற்றி யாராவது கிண்டலாகப் பேசினால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கிண்டல் செய்கிற உரிமை எனக்கு மட்டும்தான்.

பொம்மையைப் பெற்றவர்தான் சிகரெட்டையும் பற்றவைக்க வேண்டும் என்பது செனோனின் பிடிவாதம். பிரச்சினை அங்கேதான். சுரங்கத் தூசு அவர் நெஞ்சில் குடியேறி வெகுகாலம் ஆகிறது. மாடி ஏறினால் பாதியில் நின்று சுவரைப் பிடித்துக்கொள்வார். அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு சின்னப் பெண் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டிச் சொன்னாள்: "இவருக்கு மிச்சம் இருக்கறதே கொஞ்சம் நுரையீரல்தாம்மா. அதுக்குள்ளயும் புகை போச்சுன்னா ஆக்சிஜன் உருளையைக் கட்டிக்கிட்டுத்தான் படுக்கணும். அப்புறம் அதுவும் உதவாது." வீட்டுக்கு வந்து இவர் சட்டைப் பைகளைத் தலைகீழாக உதறினேன்.

அன்றிலிருந்து இவர் எக்கேக்கோவுக்காக மட்டும் ஒரு இழுப்பு இழுத்துப் பற்றவைத்து அவன் வாயில் செருகிவிட்டு நகர்ந்துவிடுவார். நான் கல்லாவில் உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருக்கும்போது இரண்டாவது இழுப்புக்கு அவருக்கு ஏது தைரியம்? இப்படிச் சமாதானமாகத்தான் போய்க்கொண்டிருந்தது, நகராட்சி ஆய்வாளர் கலார்சா உள்ளே நுழையும் வரை.

அவர் மூக்கை உறிஞ்சினார். "யாரு இங்க சிகரெட் பிடிக்கறது?"

"அவன்தான் சார்." அலமாரியில் நின்ற எக்கேக்கோவைக் காட்டினேன்.

"அம்மா, விளையாடாதீங்க."

"நான் எதுக்கு விளையாடப் போறேன்? நீங்களே பாருங்க, எப்படி இழுக்கறான்னு."

காற்றோட்டத்தில் சிகரெட் நுனி கனன்று மங்கியது. எக்கேக்கோ வாயிலிருந்து புகை வந்தது. கலார்சா கிட்டே போய்க் குனிந்து பார்த்தார்.

"பொம்மை பிடிச்சாலும் புகை புகைதான். மூடின இடத்துல சிகரெட் எரியக் கூடாது. அதுதான் சட்டம்."

"அவனுக்குப் பதினெட்டு வயசு தாண்டிடுச்சு சார். வேணும்னா கேட்டுப் பாருங்க."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் சிரித்ததில் ஒருவருக்குப் புரையேறியது. கலார்சாவுக்குச் சிரிப்பு வந்ததை நான் பார்த்தேன். ஆனாலும் விடவில்லை. "இந்தத் தடவை வாயால சொல்லிட்டுப் போறேன். அடுத்த தடவை கடைக்குப் பூட்டுதான். அவன் பிடிக்கணும்னா தெருவுல போய்ப் பிடிக்கட்டும்."

அடுத்த வெள்ளியிலிருந்து எக்கேக்கோ தெருவுக்குப் போனான். செனோன் ஒரு முக்காலியையும் பொம்மையையும் தூக்கிக்கொண்டு நடைபாதைக்குப் போய்விடுவார். மேல்மாடி நெலிதா ஜன்னலைத் திறந்து கத்துவாள். "பொம்மைக்கு சிகரெட் பிடிக்கக் கத்துக்குடுத்த ஜனம் உலகத்துலயே நீங்கதான்!"

"நாய்க்கு ஸ்வெட்டர் போட்டு நடக்கவிட்ட ஜனமும் நீங்கதான் தாயி!" என்று கீழேயிருந்து நானும் கத்துவேன். அதோடு அவள் ஜன்னல் மூடிவிடும்.

ஆனால் எனக்கு ஒரு விஷயம் உறுத்தியது. அலமாரியில் இருந்தபோது எக்கேக்கோ ஒரு சிகரெட்டை ஆற அமரப் பிடிப்பான். தெருவில் அதே சிகரெட் இரண்டு கிண்ணம் சூப்பு ஊற்றுவதற்குள் தீர்ந்துபோனது. காற்றுதான் என்று நினைத்தேன். ஒருநாள் கரண்டியைக் கையில் பிடித்தபடியே கதவோரம் போய் எட்டிப் பார்த்தேன். செனோன் எக்கேக்கோவின் வாயிலிருந்து சிகரெட்டை எடுத்தார், ஆழமாக ஒரு இழுப்பு இழுத்தார், துடைத்துத் திரும்ப அவன் வாயில் வைத்தார். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் எடுத்தார். இரண்டு பழைய கூட்டாளிகள் ஒரே சிகரெட்டை மாற்றி மாற்றிப் பிடிக்கிற மாதிரி.

சட்டத்தின் மேல் எனக்கு அன்றைக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. என் கண்ணுக்கு முன்னால் இருந்த மனுஷனைத் தெருவுக்கு அனுப்பி வைத்தது அதுதானே.

"என்னங்க இது?" என்றேன்.

"அவன் தனியா பிடிக்கறான், பாவம்."

"அவனுக்கு நெஞ்சுன்னு ஒண்ணு இருந்தா உங்களைப் பார்த்து அவன்தான் பாவம்னு சொல்லுவான்."

செனோன் முக்காலியில் உட்கார்ந்தார். "இலாரியா, சுரங்கத்துக்குள்ள கொம்பு வெச்ச மாமா உட்கார்ந்திருப்பாரே, களிமண்ணுல, எங்க சுரங்கத்துச் சாமி. வெள்ளிக்கிழமை அவருக்குப் பத்தவெச்சிட்டு நாங்களும் பத்தவெப்போம். கூடப் பிடிக்காதவனை ஒருத்தனும் பக்கத்துல நிக்கவிட மாட்டான். மாமாவை மதிக்காதவனோட யாரு உள்ள இறங்குவா? இங்க நான் பஸ் ஸ்டாப்புல ஒண்ணைக் கையில எடுத்தாலே ஒரு பொம்பளை மூக்கைப் பொத்திக்கிட்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் போறா. அங்க மரியாதை, இங்க குத்தம். நான் ஒரே ஆளுதானே?"

"நீங்க ஒரே ஆளுதான். அதான் பயமா இருக்கு. இன்னொரு ஆளு என்கிட்ட இல்ல."

அடுத்த வெள்ளியும் முக்காலியைத் தூக்கிக்கொண்டு போனார்.

ஜனவரி இருபத்து நாலாம் தேதி அலசீத்தா. குட்டிச் சாமான்களின் திருநாள். அந்த வருஷம் அது வெள்ளிக்கிழமையிலேயே வந்தது. செனோனின் தம்பி பிராவுலியோ திருநாளுக்காக ஒருரோவிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தான். எக்கேக்கோவுக்குக் காணிக்கையாக ஒரு பெட்டி நிறைய ஊர் சிகரெட். வந்ததும் கடைக்குள்ளேயே ஒன்றைப் பற்றவைத்தான். நான் அதைப் பிடுங்கித் தண்ணீர்த் தொட்டியில் போட்டேன்.

"அண்ணி, ஊர்ல இதைவிடப் பெரிய இடத்துல, மந்திரி வீட்டுக் கல்யாணத்துலயே பிடிச்சிருக்கேன்!"

"இங்க மந்திரியே வந்தாலும் வாசல்ல நின்னுதான் பிடிக்கணும் கொழுந்தனாரே. சும்மா சாப்பிடுங்க."

அண்ணன் தம்பி இருவரையும் கடையைப் பார்க்கச் சொல்லிவிட்டு நான் பூங்காவில் போட்டிருந்த சந்தைக்கு ஓடினேன். வீடு, லாரி, சூட்கேஸ், பட்டப் படிப்புச் சான்றிதழ், கல்யாணத்துக்கு ஆள் கிடைக்கச் சேவல், கோழி, எல்லாம் விரல் அளவில் குவிந்து கிடந்தன. எனக்கு வேண்டியது ஒரு கடையிலும் இல்லை. கடைசியில் சாந்து பிசைந்து அங்கேயே பொம்மை செய்துகொண்டிருந்த ஒருவரிடம் போனேன். பெயர் மக்சீமோ, லா பாஸ் ஊர்க்காரர்.

"அண்ணே, எனக்கு ஒரு ஜோடி நுரையீரல் வேணும்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "இத்தனை வருஷத்துல எவனும் கேட்டதில்லையே. எப்படிம்மா இருக்கும் அது?"

எனக்கு மட்டும் தெரியுமா? பையைத் துழாவினேன். எக்கேக்கோவின் உள்ளூர் சிகரெட் பாக்கெட் இருந்தது. இந்த ஊரில் பாக்கெட் மேல் எச்சரிக்கைப் படம் போட்டே தீர வேண்டும் என்று சட்டம். அதில் நுரையீரல் படம் இருந்தது. அவர் கையில் கொடுத்துவிட்டு, கூட்டத்தில், வாங்கிய சாமான்களுக்கு ஆசி தந்து மந்திரிப்பவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று பார்க்கப் போனேன். நான் செய்த முட்டாள்தனம் அதுதான்.

அலசீத்தாவில் எல்லாம் உச்சிப் பொழுதில்தான். பன்னிரண்டு மணி அடிக்கும்போது எது கையில் இருக்கிறதோ, அதுதான் வருஷம் முழுக்க நமக்கு. திரும்பி வந்தபோது வெயில் நடுமண்டையில் இருந்தது. மக்சீமோ பெருமையோடு நீட்டினார். அச்சு அசல் படத்தில் இருந்த மாதிரியே. கரிய நிறம், நடுவில் சாம்பல் திட்டு, ஓரத்தில் அழுகிய பழுப்பு.

"ஐயோ அண்ணே! என்ன காரியம் பண்ணீங்க!"

"படத்துல இருக்கறதைத்தானே செஞ்சேன்?"

"அது செத்துப்போனவன் நுரையீரல்! இதைக் கையில வெச்சிருந்தா எனக்கு இதேதான் பெரிசாத் திரும்பி வரும்!"

மக்சீமோவின் முகம் வெளுத்தது. அவரிடம் கறுப்பும் மஞ்சளும் பச்சையும்தான் மிச்சம், சிவப்பெல்லாம் காலையிலேயே வீட்டுக் கூரைகளுக்குப் போய்விட்டது. பக்கத்துக் கடையில் குட்டி நோட்டுக் கட்டுகள் விற்றுக்கொண்டிருந்த பெண்ணின் நகங்களைப் பார்த்தேன். நல்ல ரோஜா நிறம். "அம்மாடி, அந்தச் சாயம் இருக்கா?" என்று கேட்பதற்குள் அழுதுவிட்டேன். அவள் ஒன்றும் கேட்காமல் சீசாவைத் திறந்து தந்தாள். மூன்று பேரும் குனிந்து, அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், மக்சீமோ பிடித்துக்கொள்ள, பூசினோம். மணி அடித்தது. மந்திரிப்பவர் புகைகிற கங்குத் தட்டை வீசிக்கொண்டு வந்தார், சாராயம் தெளித்தார். என் கையில் ஈரம் காயாத இரண்டு ரோஜா நிறக் கட்டிகள். நுரையீரலுக்கு ஆசி கேட்கிற இடத்திலும் புகைதான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். மீதிச் சாயத்தை அந்தப் பெண் என் பையிலேயே போட்டுவிட்டாள்.

சாயங்காலம் செனோன் முக்காலியைத் தூக்கினார். பிராவுலியோ ஊர்ப் பாக்கெட்டைப் பிரித்தான். நான் செனோனிடம் கையை நீட்டினேன்.

"உங்களுக்குத்தான். நான் தர்றது. அவன் கழுத்துல மாட்டுங்க."

செனோன் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்ன இது, மாட்டு ஈரலா? மெனுவுல புதுசா எதுவும் போடப்போறியா?"

"நுரையீரல்."

பிராவுலியோ சிரிக்க வாயெடுத்து, என்னைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். குட்டிக் கடைக்கும் குட்டி மாவு மூட்டைக்கும் நடுவே, எக்கேக்கோவின் வாய்க்கு நேர் கீழே செனோன் அதை மாட்டினார். பிறகு வழக்கம்போலப் பற்றவைத்து ஒரு இழுப்பு இழுத்துச் செருகினார். வழக்கம்போல இருமினார்.

காற்றே இல்லை. புகை மேலே ஏறாமல் பொம்மையின் நெஞ்சிலேயே சுற்றியது. சாம்பல் நீண்டு, வளைந்து, ரோஜா நிறத்தின் மேல் விழுந்து ஒட்டிக்கொண்டது. செனோன் கட்டைவிரலால் துடைத்தார். சாம்பலோடு சாயமும் உரிந்து வந்தது. அடியில் கறுப்பு தெரிந்தது. இன்னும் கொஞ்சம் துடைத்தார். இன்னும் கறுப்பு. அவர் விரல் அப்படியே நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர் பெண் படத்தைக் காட்டியபோதுகூட இவர் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது பார்த்தார்.

"இலாரியா, இது எனக்குள்ள இப்படித்தான் இருக்கா?"

"ஆமாங்க." எனக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை.

அவர் எக்கேக்கோவின் வாயிலிருந்து சிகரெட்டை எடுத்தார். தன் வாய்க்குக் கொண்டுபோகாமல் நடைபாதைக் கல்லில் நசுக்கினார்.

பிராவுலியோ பதறினான். "அண்ணே! பாதியில பிடுங்கினா கோவிச்சுக்குவான்!"

"கோவிக்கட்டும். திட்டினா கேட்டுக்கறேன், அதுக்கும் மூச்சு வேணும்ல?" பொம்மையின் தொப்பையைத் தட்டினார். "போதும்ப்பா. உனக்கும் போதும், எனக்கும் போதும். நாளையிலேர்ந்து கோக்கா இலை தர்றேன், மென்னுக்கிட்டு உட்காரு."

அடுத்து என்ன கெடுதல் வருமோ என்று எனக்கும் உள்ளூர நடுக்கம்தான், மறைக்க என்ன இருக்கிறது. ஆனால் அவர் அந்தக் குட்டி நுரையீரலைக் கழுத்திலிருந்து கழற்றி என்னிடம் நீட்டினார்.

"அந்தச் சாயம் இன்னும் இருக்கா?"

பையிலிருந்து சீசாவை எடுத்தேன். நான் பூசப் பூச, அவர் கையில் பிடித்துக்கொண்டு ஊதி ஊதிக் காயவைத்தார். இரண்டு ஊதலுக்கு ஒருமுறை மூச்சு வாங்கியது. நின்றார். சுவரில் சாய்ந்துகொண்டார். மறுபடி ஊதினார். நான் ஊதட்டுமா என்று பிராவுலியோ கேட்டான்.

"வேணாம்டா," என்றார் செனோன். "இது என்னோடது."