குமகாயின் மெட்டு களவுபோன கதை

பயிற்சி அறைக் கதவில் காதை ஒட்டிக்கொண்டு நிற்பது கௌரவமான காரியமில்லை என்று குமகாய்க்குத் தெரியும். ஆனால் உள்ளே ஒலிப்பது தன்னுடைய மெட்டாக இருக்கும்போது அதற்குப் பெயர் ஒட்டுக்கேட்பதல்ல, சொத்தைப் பார்வையிடுவது என்று அவன் தனக்குத்தானே தீர்ப்பு வழங்கிக்கொண்டான்.

உள்ளே கிட்டார் வாசித்தவன் ஓய்காவா. இருவருக்கும் வடக்கு ஜப்பானின் மொரியோகா நகரில் ஒரே கல்லூரி, ஒரே மூன்றாம் ஆண்டு, ஒரே ராக் சங்கம். சங்கத்தில் பாட்டுக்கு இடமில்லை. முன்பு பாடகர்கள் இருந்தார்களாம். அவர்கள் காதலித்து, பிரிந்து, போகும்போது ஆளுக்குப் பாதி இசைக்குழுவைக் கூட்டிக்கொண்டு போனதால், அன்றிலிருந்து வாய்க்குத் தடை. கிட்டார்தான் பாட வேண்டும். டிசம்பர் கச்சேரியில் கடைசியாக மேடையேறுவது அங்கே ஆகப்பெரிய மரியாதை. அதற்குச் சொந்த மெட்டு இருக்க வேண்டும். வசந்தம் வந்தால் குமகாய் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு வேலை தேடி அலைய வேண்டும். இந்த டிசம்பரை விட்டால் அவனுக்கு மேடை கிடையாது.

மெட்டு அக்டோபரில் வந்தது. அவன் அறைக்குக் கீழே காசு போட்டுத் துணி துவைக்கும் கடை. உலர்த்தும் இயந்திரங்கள் பகலெல்லாம் ஒரே சுரத்தில் முனகிக்கொண்டிருக்கும். அந்த முனகலின் மேல் மெட்டு தானாக வந்து உட்கார்ந்தது. இந்தத் 'தானாக'வை அவன் சங்கத்தில் பலமுறை அழுத்திச் சொல்லியிருந்தான். லிடியன் வகை. நாலாவது சுரம் அரைப்படி உயர்ந்து நிற்பதால், கால் தரையில் பாவாமல் மிதக்கும்.

கதவுக்கு உள்ளே ஒலித்தது மிதக்கவில்லை. மழை பெய்யலாமா வேண்டாமா என்று யோசிக்கிற வானம்போல் இருந்தது. டோரியன். ஆனால் ஏறும் இடத்தில் ஏறி, தயங்கும் இடத்தில் தயங்கி, சுரத்துக்குச் சுரம் அதே மெட்டு. ஏழு சுரங்களை அப்படியே வைத்துக்கொண்டு, எது வீடு என்பதை மட்டும் மாற்றினால் போதும், மெட்டின் முகமே மாறிவிடும். வீடு எது என்று காட்டுவது கீழே ஒலிக்கும் பேஸ் கிட்டார். திருட்டு சைக்கிளுக்கு வேறு பெயின்ட் அடிப்பதைப் போன்ற வேலைதான்.

அன்று முதல் குமகாய்க்கு எங்கு பார்த்தாலும் தடயம். ஓய்காவா வணக்கம் சொன்னால் சந்தேகம். சொல்லாவிட்டால் உறுதியான சந்தேகம். இரவல் வாங்கிய டியூனரைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தபோது, கைரேகையை அழித்திருக்கிறான் என்று புரிந்தது.

உள்ளாள் யார் என்பதையும் அவன் கண்டுபிடித்துவிட்டான். இரண்டு குழுவுக்கும் பேஸ் வாசிப்பவள் இசாவா. உணவகத்தில் ஜாஜாமென் நூடுல்ஸைக் கிளறிக்கொண்டிருந்தவளின் எதிரே போய் உட்கார்ந்தான்.

"ஓய்காவாவோட புதுசுக்கும் நீதான் பேஸா?"

"நாலு பேண்டுக்கும் நான்தான். இந்தக் காலேஜ்ல பேஸ் வாசிக்கிறவங்க அழிஞ்சுட்டு வர்ற இனம்."

"அவனோடதும் என்னோடதும் ஒரே மெட்டுன்னு உனக்குத் தோணவே இல்லையா?"

"நீங்கல்லாம் மேல என்ன பண்றீங்கன்னு நான் எப்ப கேட்டேன்? உனக்கு எஃப் சுரத்துல நிக்கணும், அவனுக்கு டி சுரத்துல நிக்கணும். நிப்பேன். முடிஞ்சதும் வீட்டுக்குப் போயிருவேன்."

"என் மெட்ட நீதான் அங்க கொண்டுபோய்..."

"கொண்டுபோற அளவுக்கு அது ஞாபகத்துல நிக்கல குமகாய். தப்பா எடுத்துக்காத. அந்தச் சோயா சாஸ எடு."

திருட்டைக்கூட அவன் மன்னித்திருப்பான். இதை மன்னிக்க முடியவில்லை.

வழக்கு சங்கத் தலைவர் நுமமியாவிடம் போனது. நான்காம் ஆண்டுக்காரரான அவர் போர்வைக்குள் சுருண்டபடி விசாரித்தார். அறையைச் சூடாக்கும் மண்ணெண்ணெய் அடுப்பு வறண்டு வாரக்கணக்காகிறது. தெருவில் மண்ணெண்ணெய் விற்க வண்டி வரும்போது, வாசிக்கிற சத்தத்தில் யாருக்கும் காது கேட்பதில்லை. கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் கனிசாவா அம்மா காலையில்கூட மாடிக்கு வந்து, "உங்க இரைச்சல்ல வண்டி வர்றதும் தெரியல, போறதும் தெரியல. குளிர்ல நான் செத்தா உங்க சங்கம்தான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"திருடன்ங்கிறது பெரிய வார்த்தைடா குமகாய்," என்றார் நுமமியா.

"சின்ன வார்த்தை தேடிப் பாத்தேன் அண்ணே. கெடைக்கல."

ஓய்காவா நிதானமாகப் பேசினான். நிதானமே சந்தேகத்துக்குரியது. "எங்க ரூமுக்குப் பக்கத்துல மீன் கடையோட ஐஸ் ரூம் இருக்கு அண்ணே. அது டியில உறுமிக்கிட்டே இருக்கும். ஒரு நாள் மத்தியானம் அது மேல தானா ஒரு மெட்டு வந்துச்சு."

"பாத்தீங்களா அண்ணே, 'தானா'வையும் விட்டுவைக்கல."

கடைசியில் குமகாய் ஒரு சோதனை சொன்னான். இருவரும் ஒரே பேஸ் சுரத்தின் மேல் வாசிக்க வேண்டும். பெயின்ட்டைச் சுரண்டினால் சைக்கிள் யாருடையது என்று தெரிந்துவிடும்.

"அப்ப என் டி மேல வாசி," என்றான் ஓய்காவா.

"என் மெட்ட எதுக்கு உன் வீட்டுல கொண்டுவந்து வாசிக்கணும்? நீ எஃப் மேல வா."

"வர மாட்டேன்."

நுமமியா போர்வைக்குள்ளிருந்து ஒரு கையை நீட்டினார். "எஃப்பும் வேணாம், டியும் வேணாம். இசாவா, பொதுவா ஒண்ணப் புடிம்மா."

இசாவா கொட்டாவி விட்டுக்கொண்டே சி சுரத்தைப் பிடித்தாள். முதலில் வாசிப்பவன் குற்றவாளியாகிவிடுவானோ என்று பயந்து, இருவரும் ஒன்றாகவே ஆரம்பித்தார்கள்.

மிதப்பு போனது. மேகமும் போனது. மிஞ்சியது, முகம் கழுவிப் பவுடர் பூசிப் பள்ளிக்கூடம் கிளம்புகிற குழந்தைபோல் ஒரு மெட்டு. மிகவும் நல்ல மெட்டு. எல்லாருக்கும் நன்றாகத் தெரிந்த மெட்டு. டிரம் வாசிப்பவன் தலையைக் குனிந்துகொண்டான்.

கீழே கதவு படாரென்று திறந்தது. வீட்டுச் செருப்போடு, கையில் சிவப்புக் கேனோடு கனிசாவா அம்மா பனியில் ஓடினார். தெருவின் நடுவில் நின்று இடமும் வலமும் பார்த்தார். அப்புறம் ஜன்னலை அண்ணாந்து பார்த்தார்.

"எந்தப் பக்கம்பா போச்சு? இப்பத்தான சத்தம் கேட்டுச்சு?"

டிரம் வாசிப்பவன் ஜன்னல் வழியே குமகாயையும் ஓய்காவாவையும் கைகாட்டினான். சங்கத்தில் வாய்க்குத் தடை என்பது ஒரு காரணம்.

"ரெண்டு பேரும் மண்ணெண்ணெய் வண்டிப் பாட்ட நல்லா இழுத்து வாசிச்சிருக்கீங்க," என்றார் நுமமியா. "அக்டோபர்ல இருந்து தினமும் மத்தியானம் அந்த வண்டி ஸ்பீக்கர் இதப் பாடிக்கிட்டேதான் தெருத்தெருவாச் சுத்துது. கீழ உங்க மெஷின் முனகல், ஐஸ் ரூம் உறுமல். சுத்தமா வீட்ட மாத்திருச்சு."

குமகாய் கிட்டாரைப் பெட்டியில் வைத்து மூடப் போனான்.

"எங்கடா போற? கடைசி எடத்துக்கு வேற யார்கிட்டயும் மெட்டே இல்ல. ரெண்டு பேரும் சேந்து ஏறுங்க. மொத எஃப், அப்புறம் டி. சி பக்கம் மட்டும் தலை வச்சுப் படுக்காதீங்க. மொத்த ஊரும் கேனோட வந்து நின்னுரும்."

"அத நான்ல முடிவு பண்ணணும்," என்றாள் இசாவா. அவள் சிரித்ததைக் குமகாய் அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தான். பிடிக்கவில்லை.

மறுநாள் கேனை நிரப்பிவரும் தண்டனை அவனுக்கு. சலவைக் கடை வாசலில் காத்து நின்றான். மெட்டு தூரத்திலிருந்து தெருத்தெருவாகத் திரும்பி வந்தது. யாருக்கோ கச்சேரி செய்கிற தோரணையே அதற்கு இல்லை. வண்டி நின்றது. ஓட்டுநர் கேனுக்குள் குழாயை விட்டார்.

"ஐயா, ஒரு விஷயம். நீங்க மொத மீன் கடைச் சந்துக்குப் போவீங்களா, இல்ல இங்க வருவீங்களா?"

"மீன் கடை. அப்புறந்தான் இங்க."

குமகாய் விரல்விட்டுக் கணக்குப் போட்டான். அப்படியானால் அந்த மெட்டை முதலில் கேட்டவன் ஓய்காவா. இந்தத் தகவல் இந்தத் தெருவைத் தாண்டக் கூடாது.

"இத வேற யார்கிட்டயும் சொல்ல வேணாம் ஐயா."

ஓட்டுநர் மூடியைத் திருகி இறுக்கினார். "இப்ப வர்ற வழியில மீன் கடைகிட்ட ஒரு பையன் இதையேதான் கேட்டான். மொதத் திருடன் அவன்னு ஆயிருமாம், அவனும் சொல்ல வேணாம்னுதான் சொன்னான்."