குடத்தில் கிடந்த ஒற்றைப் புளியங்கொட்டை

கொட்டாவி விடும் முதலையைக்கூட நம்பலாம், கதிரையை விட்டுத் தானாக எழும்பும் மனிதனை நம்பக் கூடாது என்பது கோணாமலையின் கொள்கை. சண்டை முடிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. செட்டிபாளையத்து வாவிக்கரை மீனவர் சங்கத் தலைவர் வினாயகமூர்த்தி, தன்னை வைத்திருப்பதா இறக்குவதா என்று ஊரே முடிவு செய்யட்டும் என்று அறிவித்தார். கோணாமலைக்கு உடனே ஞாபகம் வந்தது கண்ணாமுனை. வலை போட மறந்தாலும் இறால் கோபித்துக்கொண்டு வள்ளத்துக்குள் பாயும் இடம் அது. யார் எங்கே வலை கட்டுவது என்று சொல்பவர் தலைவர். கண்ணாமுனை இப்போது கோணாமலையிடம் இருந்தது. வீட்டுச் சோறு முழுவதும் அங்கிருந்துதான் வந்தது.

வினாயகமூர்த்தி தலைவரான விதமும் சாதாரணமானதல்ல. சுனாமி கடலிலிருந்து வாவிக்குப் போகிற வழியில் சங்கக் கட்டடத்தைக் கொண்டுபோனது. தலைவர் கதிரை மட்டும் வாவிக்கு அப்பால் படுவான்கரையில் பத்திரமாகப் போய் இறங்கியது. அதில் அவர் இருந்தார். வேட்டி நனையவில்லை என்கிறார்கள். அன்று அவர் தலைவரல்ல. ஆளில்லாத நேரம் பார்த்துக் கதிரையில் உட்கார்ந்து பார்த்தவர். ஆனாலும் கடலே தெரிந்தெடுத்த மனிதரை மாற்ற ஊருக்குத் துணிவு வரவில்லை. பிறகு, கூட்டத்தில் யார் கை தூக்குகிறான் என்று வாசலில் நின்று பார்க்கத் துப்பாக்கியோடு வேறு ஆட்கள் வந்த காலம். ஊர் கையைத் தொங்கவிடப் பழகிக்கொண்டது.

அப்படிப்பட்டவர் ஏன் இறங்குகிறார்? கோணாமலை தன் மருமகள் கலாஜினியிடம் கேட்டான். பல்கலைக்கழகத்தில் அரசியல் படிக்கிறவள். நாடுகள் ஏன் ஜனநாயகத்துக்கு மாறுகின்றன என்று அறிஞர்கள் பல காரணம் சொல்லியிருப்பதாக அவள் விளக்கினாள். மக்கள் கையில் காசு புழங்கினால் அதிகாரத்தில் பங்கு கேட்பார்கள். ஆள்பவர்கள் தங்களுக்குள் பிளந்தால் ஒரு பக்கம் மக்களைத் தேடி வரும். உதவி தரும் வெளியார் நெருக்குவார்கள். பக்கத்து நாட்டைப் பார்த்தும் ஆசை வரும்.

கோணாமலை ஒவ்வொன்றாக உரசிப் பார்த்தான். காசு என்றால், சுனாமி நிவாரணத்தில் சலூன்காரன் வீட்டுக்கே வள்ளம் வந்து, அதற்குள் ஆடு குட்டி போட்டது; அப்போது வராத ஜனநாயகம் இப்போது ஏன்? பிளவு என்றால், செயலாளர் தலைவரின் சொந்த மச்சினன், ஒரே சோற்றுக் கோப்பையில் சாப்பிடுகிறவன். வெளியார் போய்விட்டார்கள், அவர்கள் நட்ட பெயர்ப்பலகை கோழிக்கூட்டுக்குக் கூரையாகிவிட்டது. பக்கத்து ஊரோ இந்த ஊரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

“அவருக்கு அலுத்திருக்கலாமே மாமா?” என்றாள் கலாஜினி.

“அலுப்பு உன்ட புத்தகத்தில இரிக்கா?”

“இல்ல.”

“அப்ப இது பொறி.”

வாக்கு குடத்தில். இருக்கட்டும் என்பவர் மட்டி ஓடு போட வேண்டும்; இறங்கட்டும் என்பவர் புளியங்கொட்டை. விழும் சத்தத்தில் ஆள் பிடிபடாதிருக்க, கலாஜினி குடத்தின் அடியில் மணல் போடச் சொன்னாள். மணலுக்கும் காது இருக்கலாம் என்று கோணாமலை மட்டியே போட்டான்.

குடத்தைக் கவிழ்த்தார்கள். மட்டி மலையாகக் கொட்டியது. நடுவில் ஒரேயொரு புளியங்கொட்டை. ஊர் முழுக்கக் கோணாமலையைப் பார்த்தது. வேறு யார் தலைவரை இத்தனை நாள் சந்தேகித்துத் திரிந்தது? பின்னேரமாவதற்குள் அவனுக்கு வெற்றிலை நீட்ட ஆளில்லை.

மறுநாள் காலை வினாயகமூர்த்தி தனியாகக் கம்பூன்றி வள்ளம் தாங்கிக் கண்ணாமுனைக்கு வந்தார்.

“அந்தக் கொட்டை என்ட, மச்சான்.”

கோணாமலை வலையை விடவில்லை. அவரே காரணம் சொன்னார். சண்டையால் நின்றுபோன கொம்புமுறி இந்த முறை அம்மன் கோயிலில் நடக்கப்போகிறது. வளைந்த மரக்கொம்பு இரண்டைக் கொளுவி, வடம் கட்டி, ஊரின் இரு கட்சிகளான வடசேரியும் தென்சேரியும் ஒரு கொம்பு முறியும்வரை இழுக்கும். வென்றவர் தோற்றவரை வாய்கூசாமல் வசைபாடுவார்கள். ஆனால் இந்த ஊர் வழக்கப்படி சங்கத் தலைவர் நடுவில் வாய்மூடி நிற்க வேண்டும். அவர் தென்சேரிக்காரர். வடசேரிக் கோணாமலைக்கென்று அத்தனை வருட வசையும் நெஞ்சுக்குள் கட்டிக் கிடந்தது. அது நாறுவதற்குள் பாட வேண்டும்.

“கொட்டையை நீ போட்டதெண்டு சொல்லு. உன்ட இடத்தில நான் கை வைக்க மாட்டன். அதைக் கண்டாத்தான் ஊருக்குப் பயம் தெளியும், மறுகா என்னை இறக்கும்.”

“சொன்ன பிறகு நீ பறிச்சா?”

“பறிச்சா, நான் ஆரெண்டு ஊருக்கு விளங்கும்.”

பாய் விரித்து விளக்கேற்றி வைத்த பொறி என்று கோணாமலைக்குப் பட்டது. ஆனால் ஊர் ஏற்கெனவே பழியைப் போட்டாயிற்று. சொன்னாலும் சொல்லாவிட்டாலும் குற்றம் ஒன்றுதான். தேத்தண்ணிக் கடைக்குப் போனான்.

“ஓம், நான்தான் போட்டன்.”

ஆற்றிக்கொண்டிருந்த தேத்தண்ணி நடுவானில் நின்றது என்பார்கள். அடுத்த நாளும் அவன் வலை கண்ணாமுனையில் இருந்தது. அடுத்த கிழமையும் இருந்தது. மீன் பிடிப்பதுபோல வந்து வந்து ஊர் பார்த்துப் போனது. பிறகு இன்னொரு தரம் குடம் வைக்கச் சொல்லி ஊரே கேட்டது.

இந்தத் தரம் கொட்டிய புளியங்கொட்டையை முளைக்கப் போட்டிருந்தால் வடக்கே கதிரவெளிவரை நிழல் விழுந்திருக்கும். நடுவில் ஒரேயொரு மட்டி ஓடு.

வினாயகமூர்த்தி துள்ளி எழும்பினார். இறால் வியாபாரி சீதேவிப்பிள்ளை தலைவியானாள். முதல் கூட்டத்திலேயே, நல்ல இடங்களை இனி முறைவைத்து எல்லோருக்கும் கொடுப்பதா என்று கேட்டாள். அத்தனை வருடம் தொங்கிய கைகள் ஒன்றாக எழும்பின. கண்ணாமுனை கோணாமலையை விட்டுப் போனது. பொறி இருக்கிறது என்று அவன் சந்தேகித்தது சரிதான். வைத்த ஆளைத்தான் பிழையாகப் பிடித்திருந்தான்.

கொம்புமுறியில் வடசேரிக் கொம்பு முறிந்தது. வினாயகமூர்த்தி முன்னுக்கு வந்து, தொண்டை கட்டும்வரை பாடினார். கடைசியில், தன்னை வைத்திருக்க மட்டி போட்ட அந்த ஒற்றைக் கோழை ஆரடா என்று ராகம் இழுத்துக் கேட்டார்.

எல்லோரும் சிரித்தார்கள். கோணாமலை மட்டும், முறிந்த கொம்பின் வடத்தை விடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.