வட்டத்துக்குள் ஒரு வயது

மார்ச் பன்னிரண்டாம் தேதி, வியாழக்கிழமை, டயர் கடைக்கு மேல்மாடியில் உள்ள பதிப்பகத்தின் கூட்ட அறையில், ‘ஏழு கலங்கரை’ சாகசத் தொடரின் நான்காம் பாகத்துக்குப் பதினைந்து வயது என்று முடிவானது. முதலாளி, விற்பனை மேலாளர், ஓவியர், கணக்கர் ஆகியோர் கை தூக்கினார்கள். கை தூக்காதவள் வயசக்கா மட்டும்தான்.

அவளுக்கு அந்தப் பெயர் வந்ததற்கு அந்தப் பதிப்பகத்தின் வழக்கம் காரணம். அங்கே அச்சாகும் ஒவ்வொரு சிறுவர் நூலின் பின்னட்டையிலும் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு வட்டம் இருக்கும். வட்டத்துக்குள், அதை எந்த வயதிலிருந்து படிக்கலாம் என்ற எண். வட்டத்துக்குக் கீழே, அந்த வயதை முடிவு செய்தவரின் பெயர். இப்போதைய முதலாளியின் அப்பா ஏற்படுத்திய வழக்கம் அது. பெயர் போட்டவர் சனிக்கிழமை காலையில் முன்னறையில் உட்கார்ந்திருக்க வேண்டும். புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு யார் வந்து கேட்டாலும் முகத்துக்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும். போனில் கிடையாது. பெற்றோர்கள் செங்குத்தான மாடிப்படி ஏறி, மேல்மூச்சு வாங்கிக்கொண்டு சண்டைக்கு வருவார்கள். பாதிக் கோபம் படியிலேயே இறங்கிவிடும் என்பார் ஓவியர். மீதிப் பாதியை வாங்கிக்கொள்கிற நாற்காலியில் பல வருஷங்களாக அவள்தான் உட்கார்ந்திருந்தாள். பேய்க்கதை படித்துவிட்டுப் பிள்ளை தனியாகப் படுக்க மாட்டேன் என்கிறான் என்று ஒருத்தர் வருவார். இதையெல்லாம் என் மகள் ஏழு வயதிலேயே படித்துவிட்டாள், எதற்குப் பத்து என்று போட்டீர்கள் என்று இன்னொருத்தர் வருவார். இரண்டாவது ரகம்தான் லேசில் கிளம்பாது.

‘ஏழு கலங்கரை’யின் முதல் மூன்று பாகங்களுக்கும் அவள் போட்டிருந்த வயது பன்னிரண்டு. சுக்கான் என்று எல்லோரும் கூப்பிடும் ஒரு பெண், புயலில் காணாமல் போன அப்பாவைத் தேடித் திருட்டுப் படகில் ஒவ்வொரு கலங்கரை விளக்கமாகப் போகிறாள். இரண்டாம் பாகத்தில் படகோட்டியின் காலைச் சுறா கொண்டுபோகிறது. மூன்றாம் பாகத்தில் ஒரு கப்பலே தீப்பிடித்து முழுகுகிறது. யாரும் படியேறி வரவில்லை. நான்காம் பாகத்தில் ஒரு சொட்டு ரத்தம் கிடையாது. சுக்கான் ஒரு தீவில் இறங்கி வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். அப்பா திறக்கிறார். அவர் தோளில் ஒரு சின்னக் குழந்தை. உள்ளேயிருந்து யாரோ ஒரு பெண், “யாருங்க?” என்கிறாள். அப்பா மகளை நேராகப் பார்த்து, “வழி தெரியாம வந்துட்டியாம்மா?” என்கிறார். புயலே அடிக்கவில்லை என்பது அம்மாவுக்கு முதலிலிருந்தே தெரியும் என்பதும் அந்த அத்தியாயத்தில்தான் வருகிறது.

“சுறா ஓகே,” என்றார் விற்பனை மேலாளர். பள்ளிகளுக்குப் புத்தகம் விற்கிற மனிதர். எந்தப் பள்ளித் தலைமையாசிரியர் எதற்கு முகம் சுளிப்பார் என்பது அவருக்கு அத்துப்படி. “கப்பல் எரியறது ஓகே. இது வேணாம் மேடம். இந்த அத்தியாயத்தத் தூக்குங்க, இல்ல பதினஞ்சு போடுங்க. பதினஞ்சுன்னா பெரிய வகுப்பு அலமாரியில பூட்டி வெச்சுக்குவாங்க. நமக்கும் பிரச்சினை இல்ல.”

“சுறா எத்தன வீட்டுக்கு வந்திருக்கு?” என்று கேட்டாள் அவள்.

“என்ன மேடம்?”

“இது எத்தன வீட்ல நடந்திருக்குன்னு எண்ணிப் பாருங்க. நடக்கறப்போ பிள்ளைக்குப் பதினஞ்சு ஆகட்டும்னு யாராவது காத்துட்டு இருக்காங்களா?”

ஓவியர் தலை குனிந்துகொண்டு பென்சிலைச் சீவினார். முதலாளி, “பேச்செல்லாம் நல்லாத்தான் இருக்கு. திங்கக்கிழமை அட்டை அச்சுக்குப் போகணும். உன் பேர எழுதிக் குடுத்துடு,” என்று எழுந்துவிட்டார். அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. எழுந்துவிட்டார் என்றால் முடிந்தது என்று அர்த்தம்.

சனிக்கிழமை முன்னறைக்கு முதலில் வந்தது அவள் தங்கை.

தங்கை ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள். படியேறிய களைப்பு அவளிடம் இல்லை. கைப்பையிலிருந்து நான்காம் பாகத்தின் புரூஃப் கட்டை எடுத்து மேஜைமேல் போட்டாள். அது இந்த அறையிலிருந்து வெளியே போனது எப்படி என்று இரண்டு பேருக்கும் தெரியும். தங்கையின் மகள், வீட்டில் வாலு என்று பெயர், பன்னிரண்டு வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியம்மா வீட்டுக்கு வந்து, சோபாவில் தலைகீழாகக் கிடந்துகொண்டு, அச்சாகாத புத்தகங்களைப் படிப்பதுதான் அவளுக்குப் பொழுதுபோக்கு.

“என்னடி, இங்க வந்து நிக்கற? வீட்டுக்கு வந்திருக்கலாம்ல?”

“வீட்டுக்கு வந்தா அக்கா தங்கச்சியாப் பேசணும். நான் வாலுவோட அம்மாவா வந்திருக்கேன். உங்க சட்டப்படி நீ பதில் சொல்லித்தான் ஆகணும், இல்ல?”

“சொல்றேன். உக்காரு.”

தங்கை உட்காரவில்லை. அவள் கணவன் வெளிநாட்டு வேலைக்குப் போய் மூன்று வருஷம் ஆகிறது என்பது வாலுவுக்குச் சொல்லப்பட்ட கணக்கு. அவன் இருப்பது பேருந்தில் அரை நாள் தூரத்தில், வேறு ஒரு வீட்டில். இது பெரியவர்கள் எல்லோருக்கும் தெரியும். வாலுவுக்கு எதுவும் தெரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தங்கை கேட்டுக்கொண்டபோது வயசக்காவும் தலையாட்டியவள்தான்.

“புதன்கிழமை சாயங்காலம் படிச்சு முடிச்சா,” என்றாள் தங்கை. “நான் துணி மடிச்சுட்டு இருந்தேன். பக்கத்துல வந்து உக்காந்து அவளும் மடிச்சா. மடிச்சுக்கிட்டே கேக்கறா, ‘அம்மா, அப்பா எந்த ஊர்ல இருக்கார்னு மட்டும் சொல்லு. மத்தது எனக்குத் தெரியும்.’ எப்போலேருந்துடின்னேன். ‘போன லீவுலேருந்து’ங்கறா. அழக்கூட இல்ல. எனக்கு ஆறுதல் சொல்றா, அந்தக் குட்டிச்சாத்தான். கையப் புடிச்சுக்கிட்டு, ‘நீ ஒண்ணும் கஷ்டப்படாதம்மா’ன்னு.”

வயசக்கா மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள். இத்தனை மாதமாக அந்தப் பெண் தன் சோபாவில் தலைகீழாகக் கிடந்து, அப்பா போன் பண்ணினாரா என்று பெரியவர்கள் அவள் காதுபடப் பேசிய நாடகத்தையெல்லாம் கேட்டுக்கொண்டு, பக்கம் புரட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். எதையும் காட்டிக்கொள்ளவில்லை. அம்மாவுக்கு வலிக்கும் என்று அந்தப் பிள்ளையே அம்மாவுக்கு ஒரு வயது முடிவு பண்ணி வைத்திருந்திருக்கிறாள்.

“வேணும்னே குடுத்தியா?” என்றாள் தங்கை.

“கேட்டா. குடுத்தேன்.”

“அதுல என்ன இருக்குன்னு தெரிஞ்சு?”

“தெரிஞ்சுதான்.”

“அவளுக்குத் தெரியும்ங்கறது எனக்குத் தெரியாமலாவது இருந்திருக்கும். வியாழக்கிழமை பதினஞ்சுன்னு முடிவாச்சாமே, உங்க ஓவியர் படியில சொன்னார். அந்தப் பாழாப்போன வட்டத்துல அந்த நம்பர் முன்னாடியே இருந்திருந்தா நீயே அவ கையில குடுத்திருக்க மாட்ட. எனக்கு இன்னும் மூணு வருஷம் கெடச்சிருக்கும்.”

“உனக்குக் கெடச்சிருக்கும். அவளுக்கு?”

“நீ பெத்திருந்தா தெரியும்.”

அந்தச் சொல்லுக்காகத்தான் அவள் நின்றுகொண்டே இருந்தாள் போலிருக்கிறது. சொன்ன பிறகு உட்கார்ந்துவிட்டாள். கீழே டயர் கடையில் காற்றடிக்கும் இயந்திரம் ஓடி நின்றது. வயசக்கா தண்ணீர் ஊற்றி நீட்டினாள். தங்கை குடித்தாள்.

“ஊசி போடறப்போ பசங்ககிட்ட என்ன சொல்லுவ?” என்று கேட்டாள் அக்கா.

“எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கும்னு.”

“நம்பறாங்களா?”

“ஒருத்தனும் நம்ப மாட்டான்.” தங்கைக்கு ஒரு கணம் சிரிப்பு வந்துவிட்டது. அது வந்ததற்காகவே இன்னும் கோபம் வந்தது. “உன் சாமர்த்தியமெல்லாம் இந்த நாற்காலியோட வெச்சுக்கோ. பதினஞ்சு போடு. இல்ல, இனிமே என் வீட்டுப் படி ஏறாத. நான் உன் படி ஏறினது இதான் கடைசி.”

அவள் இறங்கிப் போகும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. புரூஃப் கட்டை எடுத்துக்கொண்டுதான் போனாள் என்பதை வயசக்கா பிறகுதான் கவனித்தாள்.

அந்த இரண்டு நாளும் அவள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. பதினைந்து போட்டால் என்ன என்று தனக்குத்தானே கேட்டுப் பார்த்தாள். ஒன்றும் ஆகாது. புத்தகம் விற்கும். தங்கை அடுத்த வாரமே ஸ்கூட்டரில் வந்து நிற்பாள். ஏதோ ஒரு ஊரில், மூன்று பாகமும் படித்து முடித்த ஏதோ ஒரு பிள்ளை நான்காவதைக் கேட்கும். இது உனக்கில்லை என்று அலமாரியைப் பூட்டுவார்கள். அந்தப் பிள்ளைக்கு அதற்குள் வீட்டில் எல்லாம் தெரிந்திருக்கும். தனக்குத் தெரிந்ததைத் தெரியாது என்று நடிக்க வேண்டும் என்பதைப் புத்தகம்கூடத் தன்னிடம் சொல்கிறது என்று அது புரிந்துகொள்ளும். அந்த எண்ணுக்குக் கீழே தன் பெயரை எழுத அவளுக்குக் கை வரவில்லை.

திங்கட்கிழமை காலை முதலாளி அறையில் விற்பனை மேலாளரும் இருந்தார். அவள் பேனாவை எடுக்காமலே சொன்னாள்: “பன்னெண்டு. அத்தியாயம் அப்படியே இருக்கும். அதுக்குன்னா என் பேரப் போட்டுக்குங்க.”

“பதினஞ்சுன்னு முடிவாயிடுச்சே,” என்றார் முதலாளி.

“அப்போ முடிவு பண்ணவர் பேரப் போடுங்க.” விற்பனை மேலாளரைப் பார்த்தாள். “சார் போடட்டும். சனிக்கிழமை பத்து மணிக்கு வந்தா போதும். பெத்தவங்கள சமாளிச்சிடலாம் சார். பதிமூணு வயசுப் பிள்ளைங்க வருவாங்க. எனக்கு ஏன் இல்லைன்னு கேப்பாங்க. அதுக்கு மட்டும் ஒரு பதில் யோசிச்சு வெச்சுக்குங்க.”

அவர் மோதிரத்தைத் திருகிக்கொண்டார். “சனிக்கிழமைன்னா எனக்கு வெளியூர் டூர் இருக்கும் சார்…”

“பேரே இல்லாம போட்டா என்ன?” என்றார் முதலாளி, யாரையும் பார்க்காமல்.

“போடலாம் முதலாளி. உங்க அப்பா படம் அந்த முன்னறையிலதான் மாட்டியிருக்கு. அதையும் கழட்டிட்டுப் போடலாம்.”

முதலாளி அட்டையின் படிவத்தை அவள் பக்கம் தள்ளினார். “போடு. ஆனா இதோட உனக்கு அந்த நாற்காலி இல்ல. தேர்வு கைடு செக்‌ஷனுக்குப் போயிடு. அங்க யாரும் வயசு கேக்க மாட்டாங்க.”

“சரி,” என்றாள். பன்னிரண்டு என்று எழுதினாள். கீழே தன் முழுப் பெயரையும் எழுதினாள். கொஞ்சம் பெரிய எழுத்தாகவே.

நான்காம் பாகம் ஜூன் மாதம் வெளிவந்தது. பள்ளிகளில் பெரும்பாலானவை வாங்கவில்லை. கடைகளில் சுமாராக விற்றது. வயசக்கா இப்போது வேதியியல் வினா விடைகளைத் திருத்துகிறாள். தங்கை பேசுவதில்லை. வாலு ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாகப் பேருந்தில் வருகிறாள். இருட்டுவதற்குள் திரும்பிப் போய்விடுகிறாள்.