கூடையில் வந்த தாத்தா

"அண்ணன் போன்ல என்ன சொன்னாரு?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததையா இருபது நிமிஷம் காதுல வச்சுக் கேட்டுட்டு நின்னீங்க?"

"வீட்டைப் பூட்டிட்டு ஃபோஷானுக்குப் போறாங்களாம். பையன் கூட இருக்க."

"எப்போ?"

"ஏழாம் மாசம்."

"அப்போ முன்னோர் மாடத்துல இருக்கிற உங்க தாத்தா?"

என் கணவர் லாய்ஷெங் ஒரு குச்சியை எடுத்துக் காலணியில் ஒட்டியிருந்த சேற்றைச் சுரண்ட ஆரம்பித்தார். ஒரு காலணி முடிந்தது. அடுத்ததையும் எடுத்தார்.

"வியாபாரி ஒருத்தன் வந்து பாத்தானாம்," என்றார் கடைசியில். "பழைய மர உருவம்னா அவனுக்குப் பிடிக்குமாம்."

"உங்களுக்குப் பிடிக்குமா?"

"எனக்கென்ன? நான்தான் இங்க வந்துட்டேனே."

இந்தப் பேச்சு நடந்தது நாற்று நடும் காலத்தில். அதற்குப் பிறகு நான்கு மாதம் என் கணவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஆனால் வீட்டில் இருந்த மற்ற எல்லாவற்றோடும் சண்டை போட்டார். வாத்துத் தொட்டியை உதைத்தார். நன்றாக இருந்த கதவுத் தாழ்ப்பாளைக் கழற்றி மாட்டி, மறுபடியும் கழற்றினார். சோற்றில் கல் இருக்கிறது என்றார். கல்லை எடுத்துக் காட்டுங்கள் என்றால், விழுங்கிவிட்டேன் என்றார்.

அவர் எங்கள் வீட்டோடு மாப்பிள்ளை. நான் ஒரே மகள். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் பெங் லாய்ஷெங்காக மலையைத் தாண்டி வந்தவர், ஒரு சிவப்புத் தாளில் கையெழுத்துப் போட்டு, கைநாட்டும் வைத்து வூ லாய்ஷெங் ஆனார். எங்கள் மகளும் வூதான். எங்கள் மாடத்தில் வூ வம்சத்து முன்னோர் மட்டுமே இருக்கிறார்கள். அவர்களுக்குக் காலையும் மாலையும் ஊதுவத்தி ஏற்றுவது லாய்ஷெங். ஏழாம் மாதம் முன்னோருக்காக எரிக்கும் காகிதப் பணக் கட்டுகளின் மேல் பெயர் எழுதுவதும் அவர்தான்; கையெழுத்து அப்படி. நாற்பதுக்கு மேல் கட்டுகள் எழுதி, ஒவ்வொன்றின் ஓரத்திலும் 'பணிவுடன், வூ லாய்ஷெங்' என்று முடிப்பார். ஒன்று கூடப் பெங் வீட்டாருக்குப் போகாது.

அவருடைய தாத்தா பெங் ஷௌஜெங் ஸி ஆற்றில் படகு விட்டவர். அவர் இறந்த மறுவருடம் செதுக்கிய மர உருவம் இரண்டு சாண் உயரம் இருக்கும். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். அடுப்புப் புகையில் முகமெல்லாம் கருத்துப் போயிருக்கும். இடது கை மணிக்கட்டோடு போய்விட்டது. சாமி உருவங்களையெல்லாம் எரித்த வருடங்களில் என் மாமனார் அவரைப் பன்றித் தொட்டிக்கு அடியில் புதைத்து வைத்திருந்தாராம். காலம் மாறியதும் வெளியே எடுத்து, கண் திறந்து, முதுகுப் பொந்துக்குள் புதுத் தாள் மடித்து வைத்தார்கள். கல்யாணமான புதிதில் இதையெல்லாம் லாய்ஷெங் எனக்குச் சொல்லியிருக்கிறார். அப்போது நிறையப் பேசுவார்.

அவரை இங்கே கொண்டுவர நீயே உன் அப்பாவிடம் கேட்க வேண்டியதுதானே என்று நீங்கள் நினைக்கலாம். கேட்டவள்தான் நான். எங்களுக்குக் கல்யாணமான மூன்றாம் வருடம், கல்லறை சுத்தம் செய்யும் நாளில், "அவர் அவங்க அப்பா கல்லறைக்கு ஒரு நடை போயிட்டு வரட்டுமே" என்றேன். அப்பா சாப்பாட்டிலிருந்து தலையைத் தூக்கி, "போகணுமா லாய்ஷெங்?" என்று கேட்டார். லாய்ஷெங், "நான் எதுவும் சொல்லலையே அப்பா" என்றார்! அப்பா என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. "வேணும்னா அவனுக்கு வாய் இருக்கு" என்றார். இனிமேல் இந்த மனிதருக்காக நான் வாயைத் திறந்தால் என்னை என்னவென்று கேள் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

ஏழாம் மாதம் பன்னிரண்டாம் தேதி முன்னோர் வந்தார்கள். பதினைந்தாம் தேதி வழியனுப்பும் வரைக்கும் வீட்டில் குரல் உயரக் கூடாது. திட்டக் கூடாது, பாத்திரத்தை நங்கென்று வைக்கக் கூடாது, அழக் கூடாது. வருடத்துக்கு ஒரு தடவை வருகிறவர்கள் மனம் நொந்து போகக் கூடாது என்பதில் அப்பா ரொம்பக் கண்டிப்பு. அதனால் அந்த நான்கு நாளும் நான் சிரித்த முகத்தோடு வெந்துகொண்டிருப்பேன்.

பன்னிரண்டாம் தேதி மதியம் லாய்ஷெங் தூரிகையைப் பிடித்தபடி ஒரே கட்டின் முன்னால் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். மை காய்ந்தே போனது. நான் அவர் சட்டையைப் பிடித்து, புன்னகை மாறாமல், பின்பக்கமாக இழுத்துக்கொண்டு போனேன். பன்றிக் கொட்டிலைத் தாண்டி, சர்க்கரைவள்ளித் தோட்டத்தின் கடைசி வரப்புக்குப் போனதும் கத்தினேன்.

"யோவ், உனக்கு வாய் இருக்கா, இல்ல சாப்பிடறதுக்கு மட்டும் ஓட்டை போட்டு விட்டிருக்காங்களா?"

"மெதுவா பேசு. கேக்கும்."

"இங்க கேக்காது. அதுக்குத்தான் இவ்வளவு தூரம் இழுத்துட்டு வந்தேன். அந்த வியாபாரி எப்போ வரான்?"

"பதினாலாம் தேதி."

"நாளன்னிக்கி! உங்களுக்கு உங்க தாத்தா வேணுமா, வேண்டாமா?"

"யுன்ஜு, கைநாட்டு வச்சுக் கொடுத்துட்டு வந்தவன் நான். வந்த வீட்ல போய் எனக்கு அது வேணும் இது வேணும்னு நிக்கச் சொல்றியா?"

"இருபத்திரண்டு வருஷமா எங்க வயல உழுதிருக்கீங்க. எங்கம்மாவைக் கடைசியா குளிப்பாட்ட நீங்கதான் தண்ணி எடுத்து வந்தீங்க. கேட்டா எங்கப்பா என்ன, அரிவாளைத் தூக்குவாரா?"

"மாட்டேன்னு சொல்லுவாரு."

"சொல்லட்டுமே!"

"சொல்லிட்டா, அப்புறம் அவரை அப்பான்னு கூப்பிட என்னால முடியாது." அவர் குனிந்து ஒரு களையைப் பிடுங்கினார். "கேக்காம இருந்தா கூப்பிடலாம்."

அவர் பிடுங்கியது களை இல்லை, கிழங்குக் கொடி. அதற்கும் சேர்த்துத் திட்டினேன். ஆனால் முன்பிருந்த வேகம் குரலில் இல்லை.

மறுநாள் விடிந்ததும் காலைப் படையலை முடித்துவிட்டு, முதுகுக் கூடையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். சந்தைக்கு என்று அப்பாவிடம் சொன்னேன். மலைப்பாதையில் ஆறு கிலோமீட்டர் நடந்து லாய்ஷெங்கின் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் அண்ணி ஷுச்சின் வாசலில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். அண்ணன் ரயில் டிக்கெட் வாங்க டவுனுக்குப் போயிருந்தார்.

"வா தங்கச்சி. நல்லவேளை வந்த. இந்தக் காஞ்ச மிளகாயெல்லாம் எடுத்துட்டுப் போ. அடுக்கு மாடியில எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

"மிளகாய்க்கு வரலக்கா."

அவள் மாடத்தைத் திரும்பிப் பார்த்தாள். பெங் தாத்தா ஒரு பிளாஸ்டிக் பூக்குவளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நீளமான தாடை. அப்படியே லாய்ஷெங்கின் தாடை. சோற்றில் கல் இருக்கிறது என்று சொல்லத் தயாராக இருக்கும் அதே முகம்.

"உன் வீட்டுக்காரர் ஒன்பதாம் தேதி இங்க வந்தார், தெரியுமா?" என்றாள் ஷுச்சின். "வந்தார், மாடத்தைத் துடைச்சார், டீ குடிச்சார், போயிட்டார். எதுக்கு வந்தீங்கன்னு கேட்டா, கூரை ஒழுகுதான்னு பாக்க வந்தேங்கறார். பூட்டப்போற வீட்டுக்குக் கூரை ஒழுகினா என்ன, ஒழுகாட்டா என்ன?"

எனக்கு அங்கேயே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. சொந்த அண்ணனிடமும் கேட்கவில்லை!

"வியாபாரி முதுகு மூடியைத் திறந்து பாத்தான்," என்றாள் அவள். "ஏதோ மருந்து இலை, கொஞ்சம் அரிசி, தாள். தாள் இருந்தாத்தான் மதிப்பாம். குடும்பத்துல இருந்தவங்க பேரெல்லாம் அதுல எழுதியிருக்கு. மாமா, அத்தை, எங்க வீட்டுக்காரர். கடைசியா உன் வீட்டுக்காரர். பெங் லாய்ஷெங், பதினேழு வயசுன்னு."

அந்தப் பெயர் எழுத்தில் இருப்பது இப்போது அங்கே மட்டும்தான். அவருடைய அடையாள அட்டையில் இல்லை, நிலப் பத்திரத்தில் இல்லை, எங்கள் கல்யாணத் தாளில் அடித்துத் திருத்தியிருக்கிறது.

"அக்கா, அவரை எனக்குக் குடுத்துடு."

"எங்க வைப்ப? உங்க மாடத்துலயா? உங்கப்பா இவரை அடுப்புல வச்சு வாத்து வேக வைப்பார்."

"அது என் பாடு."

"எங்க வீட்டுக்காரர் அவன்கிட்ட வாக்குக் குடுத்திருக்கார். நான் எடுத்துக் குடுத்தேன்னா எனக்கும் அவருக்கும் ஃபோஷான் போய்ச் சேர்ற வரைக்கும் சண்டைதான்." ஷுச்சின் எழுந்து உடையைத் தட்டிக்கொண்டாள். "நான் பன்றிக்குத் தண்ணி காட்டப் போறேன். எனக்குக் கொஞ்சம் நேரமாகும். மிளகாயை மறக்காத."

பன்றியை அவர்கள் போன வாரமே விற்றுவிட்டார்கள்.

மூன்று ஊதுவத்தி ஏற்றி, "தாத்தா, நான் உங்க லாய்ஷெங்கோட வீட்டுக்காரி. கொஞ்சம் குலுங்கும், கோச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு அவரைத் துண்டில் சுற்றிக் கூடையில் உட்கார வைத்தேன். மிளகாயைச் சுற்றிலும் போட்டேன்.

திரும்பி வரும்போது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. அப்பா உள்ளே படையல் மேசைக்கு நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். வேறு வம்சத்து முன்னோரை, வீட்டின் மூத்தவர் பேர் சொல்லி அழைக்காமல், வாசலைத் தாண்ட வைக்கக் கூடாது. அதனால் கூடையைக் கதவுக்கு வெளியே கூரை விளிம்பின் கீழ் இறக்கி வைத்தேன். விறகோடு வந்த லாய்ஷெங் மிளகாய்க்கு நடுவே தெரிந்த கருத்த தலையைப் பார்த்தார். விறகு ஒவ்வொன்றாகக் கையிலிருந்து நழுவியது.

"ஏன் எடுத்துட்டு வந்த?" என்றார் கிசுகிசுவென்று.

"நீங்க எடுத்துட்டு வராததால."

"இவரை எங்க வைக்கிறது?"

"அதை நீங்கதான் கேக்கணும். ஆறு கிலோமீட்டர் இவரை நான் சுமந்தாச்சு. உங்க வாயையும் நானே சுமக்க முடியாது."

"யுன்ஜு..."

"வாத்து ஆறுது," என்று சொல்லிவிட்டு, உள்ளே முன்னோர் இருப்பதால் சிரித்துக்கொண்டே போனேன்.

மேசையில் இரத்தத்தில் புரட்டிய மிளகாய் வாத்து, புகையில் வாட்டிய பன்றிக்கறி, வெண்பூசணிச் சூப்பு. காலி நாற்காலிகளுக்கு முன்னால் கிண்ணமும் குச்சிகளும். அப்பா மேல்சட்டைப் பொத்தானைக் கழுத்து வரைக்கும் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பெயராக அழைத்தார். கொள்ளுத் தாத்தா, கொள்ளுப் பாட்டி, தாத்தா, பாட்டி, கடைசியாக என் அம்மா. ஒவ்வொரு பெயருக்கும் லாய்ஷெங் அரிசிச் சாராயம் ஊற்றினார். அம்மாவின் கோப்பையில் ஊற்றும்போது வாசலையே பார்த்துக்கொண்டிருந்ததில் மேசையெல்லாம் வழிந்தது. வேறு நாளாக இருந்தால் அப்பா ஒரு வார்த்தை சொல்லியிருப்பார். இன்று மூக்கால் மூச்சு விட்டதோடு சரி.

"எல்லாரும் உக்காந்தாச்சு," என்றார் அப்பா. "லாய்ஷெங், சாராயக் கெட்டிலைக் கீழ வை."

அவர் வைக்கவில்லை.

"என்ன?"

"அப்பா... வாத்துல..."

"வாத்துல என்ன?"

"உப்பு சரியா இருக்கான்னு..."

என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பற்களுக்கு நடுவே கடித்துப் பிடித்தேன். இந்த மனிதரை என்ன செய்வது! இரண்டு அடி தூரத்தில் கதவு திறந்துதான் கிடந்தது. வெளியே கூடை அப்படியே இருந்தது.

"உப்பு பாக்கிறது அவங்க வேலை," என்று அப்பா காலி நாற்காலிகளைக் காட்டினார். "நீ நின்னுட்டே இருந்தா அவங்க எப்படிச் சாப்பிடுவாங்க? உனக்கு என்னதான் வேணும்?"

லாய்ஷெங் என்னைப் பார்த்தார். நான் வேண்டுமென்றே சூப்பைப் பார்த்தேன். அவர் கெட்டிலை மேசையில் வைத்தார்.

"எனக்கு ஒண்ணு வேணும் அப்பா," என்றார். "எங்க தாத்தா வாசல்ல உக்காந்திருக்கார். பெங் ஷௌஜெங். அவர் பேரையும் சொல்லி உள்ள கூப்பிடுங்க."