ஐந்து நாற்பதுக்குக் கடிக்கும் குழாய்

"அம்மா, குழாய் கடிக்குது" என்று மார்னி முதல் முறை சொன்னபோது கெர்ரின் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நான்கு வயதுப் பெண்ணுக்கு அந்த வாரம் எல்லாமே கடித்தது. புதுச் செருப்பு கடித்தது, ரொட்டியின் ஓரம் கடித்தது, காரின் சீட் பெல்ட் கடித்தது. குழாயும் கடித்துவிட்டுப் போகட்டும் என்று அவள் அடுப்பில் கருகிக்கொண்டிருந்த ஆட்டுக்கறித் துண்டைத் திருப்பிப் போட்டாள்.

மறுநாள் மாலை குளியல் தொட்டியில் தண்ணீர் நிரப்பக் குழாயைத் தொட்டபோது அவளையும் கடித்தது. பெரிதாக ஒன்றுமில்லை. விரல் நுனியில் எறும்பு ஊர்ந்து ஒரு தடவை கொட்டியது போல இருந்தது. கையை எடுத்துப் பார்த்தாள். பிறகு கையைத்தான் சந்தேகப்பட்டாள், குழாயை அல்ல.

அதற்குக் காரணம் இருந்தது. மார்னி பிறந்ததிலிருந்து கெர்ரினுக்கு வலது கை மரத்துப்போகும். மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுகிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தூங்கும்போது பட்டை கட்டிக்கொள்வாள். போதாக்குறைக்கு, ஒரு மாதத்துக்கு முன்தான் காரின் பின்சக்கரத்தில் ஏதோ தட்டுகிறது என்று மெக்கானிக்கிடம் கொண்டுபோனாள். அவன் அரைமணி நேரம் வண்டிக்கு அடியில் படுத்திருந்துவிட்டு, பின்சீட்டுக்குக் கீழிருந்து ஒரு பீன்ஸ் டப்பாவை எடுத்துக் கையில் கொடுத்தான். வளைவுகளில் உருண்டு தட்டியது அதுதான். அன்றிலிருந்து அவள் கணவன் லாக்லன் அவளை 'பீன்ஸ் டப்பா' என்றுதான் கூப்பிட்டான். தனக்குத் தோன்றுவதெல்லாம் நிஜமாக இருக்க வேண்டியதில்லை என்று அவளும் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள்.

மூன்றாம் நாள்தான் விளக்கைக் கவனித்தாள். கடலோர ஊரான வையல்லாவில் பிப்ரவரிக் கோடை வெயிலுக்கு மதியமே எல்லா ஜன்னல் திரைகளையும் இறக்கிவிட வேண்டும், அதனால் சமையலறையில் பகலிலும் விளக்கு எரியும். அவள் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே விளக்கு மெல்லப் பிரகாசமானது. அணையவோ மினுக்கவோ இல்லை, யாரோ மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்தது போலக் கூடியது, அப்படியே நின்றது. அடுப்புக்கு மேலிருந்த புகைவிசிறியின் சத்தம் ஒரு சுருதி ஏறியது. அவள் ஈரக் கையோடு பாத்திரத் தொட்டிக் குழாயைத் தொட்டாள். கடித்தது.

சுவர்க் கடிகாரத்தில் ஐந்து நாற்பத்திரண்டு.

குளிர்பெட்டியின் கதவில் தொங்கிய நாட்காட்டியில் பென்சிலால் குறித்தாள். அடுத்த நாளும் குறித்தாள், அதற்கடுத்த நாளும். ஐந்து நாற்பதுக்கு விளக்கு கூடியது, ஆறரைக்கு இறங்கியது. ஐந்து நாளும் அதே நேரம்தான். நரம்புக் கோளாறுக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியுமா என்று அவளுக்கு முதன்முதலாகச் சந்தேகம் வந்தது.

அதனால் சோதித்தாள். ஐந்தரைக்குக் குழாயைத் தொட்டால் ஒன்றுமில்லை. ஐந்தே முக்காலுக்கு ரப்பர் செருப்போடு, காய்ந்த கையோடு தொட்டாலும் ஒன்றுமில்லை. அதே நேரத்தில் துணி துவைக்கும் அறையின் ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று தொட்டால் முழங்கை வரை சுர்ரென்று ஏறியது. இடது கையால் தொட்டாலும் அப்படியேதான். இடது கையில் அவளுக்கு எந்த நோயும் கிடையாது.

வெள்ளிக்கிழமை எதிர்வீட்டு க்ளெனிஸ் ஒரு பை நிறையத் தக்காளியோடு வந்தாள். அறுபதைத் தாண்டியவள். தெருவில் யார் வீட்டுக் குப்பைத் தொட்டி எந்தக் கிழமை வெளியே வரும் என்பது வரை தெரிந்தவள்.

"சால்வு தோட்டத்துத் தக்காளி. பறிக்க ஆளில்லாம விழுந்து கெடக்கு, வேலிக்கு மேல கைய விட்டுப் பறிச்சேன். செத்த மனுசன் கேக்கவா போறான்?"

சால்வு பக்கத்து வீட்டு மால்டாக்காரக் கிழவர். ஆறு வாரத்துக்கு முன் நிமோனியாவில் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். மகன் அடிலெய்டிலிருந்து வந்து அடக்கம் செய்துவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு போனவன் இன்னும் திரும்பவில்லை.

கெர்ரின் ஒரு பழத்தை அழுத்திப் பார்த்தாள். சதைப்பற்றோடு கனமாக இருந்தது. "ஆறு வாரமா ஒரு சொட்டு மழை இல்லயே க்ளெனிஸ். யார் தண்ணி விடறாங்க?"

"அதையேதான் நானும் கேட்டுக்கிட்டு இருக்கேன். என் செடியெல்லாம் கருவாடு. அவரோடது பாரு, பச்சைப் பசேல்னு." க்ளெனிஸ் குரலைத் தாழ்த்தினாள். "அவரு தெனமும் அஞ்சு நாப்பதுக்குத்தான் தண்ணி விடுவாரு, ஞாபகம் இருக்கா? ரேடியோவ அணைச்சுட்டு வெளிய வருவாரு. கடிகாரத்தையே அவர வச்சு சரி பண்ணலாம்."

கெர்ரினின் பார்வை நாட்காட்டிக்குப் போனது. க்ளெனிஸும் அங்கே பார்த்தாள்.

"என்னது இது, எல்லா நாளும் அஞ்சு நாப்பது? மாத்திரை சாப்பிடற நேரமா?"

"ஒண்ணுமில்ல" என்றாள் கெர்ரின். நாட்காட்டியைத் திருப்பி மாட்டினாள்.

லாக்லன் வடக்கே சுரங்கத்தில் வேலை செய்தான். இரண்டு வாரம் அங்கே, ஒரு வாரம் இங்கே. அன்றிரவு போன் செய்தபோது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள்.

"சேஃப்டி சுவிட்ச்சுல டெஸ்ட் பட்டன் இருக்குல்ல, அமுக்கிப் பாத்தியா?"

"பாத்தேன். டப்புன்னு விழுந்துச்சு."

"அப்ப வீடு சுத்தமா இருக்கு. கரண்ட் கசிஞ்சா அது தானா விழுந்துரும். அதுக்குத்தான மாட்டியிருக்கு?"

"மார்னியும் கடிக்குதுன்னு சொல்றா லாக்கி."

"நீ ஒண்ணொண்ணா தொட்டுத் தொட்டுப் பாத்து முழிச்சா அவளும் சொல்லத்தான் செய்வா. ஏய் பீன்ஸ் டப்பா, கேளு. அவ்ளோ பயமா இருந்தா மெயின் சுவிட்ச்ச அணைச்சுட்டு அவளக் குளிப்பாட்டு. கரண்ட்டே இல்லாத வீட்டுல எது கடிக்கும்?"

அது நியாயமாகத்தான் பட்டது. யாருக்கும் அப்படித்தான் பட்டிருக்கும்.

சனிக்கிழமை ஐந்து நாற்பதுக்கு விளக்கு கூடியது. இந்த முறை நிற்கவில்லை. மஞ்சளிலிருந்து வெளுத்து, கண் கூசும் வெள்ளையாகி, டக்கென்று வெடித்துக் கண்ணாடித் தூள் சீவிய கேரட்டின் மேல் விழுந்தது. ஓவனில் மார்னியின் ஃபிஷ் ஃபிங்கர் பாதி வெந்துகொண்டிருந்தது. கெர்ரின் செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் சுவரிலிருந்த பெட்டியைத் திறந்து மெயின் சுவிட்ச்சை இறக்கினாள். குளிர்பெட்டியின் முனகல் நின்றது. வீடு முழுக்க ஒரு சத்தமும் இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் ஏதோ லேசாக ரீங்கரிப்பது அப்போதுதான் காதில் விழுந்தது.

குளியலறையில் தொட்டி நிரம்பிக்கொண்டிருந்தது. திரையைத் தூக்கிவிட்டதால் வெயில் தண்ணீரில் ஆடியது. மார்னி துணியைக் கழற்றிவிட்டு ஒரு பிளாஸ்டிக் வாத்தோடு நின்றாள். கெர்ரின் செருப்பைக் கழற்றினாள், ஈரத்தில் வழுக்கும் என்று. வீட்டில்தான் மின்சாரம் இல்லையே.

குழாயை மூடக் குனிந்தாள்.

இந்த முறை எறும்பு இல்லை. ஒரு கை உள்ளேயிருந்து அவள் கையைப் பற்றி இழுத்தது போலிருந்தது. தோள் வரை போய்ப் பல்லில் இடித்தது. விரல்கள் குழாயைச் சுற்றி மூடிக்கொண்டன, அவள் மூடவில்லை. பின்னால் சாய்ந்து விழுந்ததால்தான் கை விடுபட்டது.

மார்னி ஒரு காலைத் தொட்டியின் விளிம்புக்கு மேலே தூக்கியிருந்தாள். வழக்கம்போல் பிடித்துக்கொள்ள அவள் கை குழாயை நோக்கி நீண்டிருந்தது.

"தொடாத!"

அந்தக் குரலைக் கெர்ரினே அதற்கு முன் கேட்டதில்லை. குழந்தை அப்படியே சிலையானாள். கால் இன்னும் தண்ணீருக்கு மேலே இருந்தது.

"காலை இந்தப் பக்கம் எடு. மெதுவா. வாத்தை விடு. அம்மாகிட்ட வா."

மார்னி காலை இறக்கியதும் துண்டால் சுற்றி வாரியெடுத்துக்கொண்டு ஓடினாள். குழாய் திறந்தபடியே இருந்தது. தொட்டி வழிந்து தண்ணீர் கூடத்துக்கு வருவதை வாசலில் இருந்து பார்த்தாள். மின்சாரம் இல்லாத வீட்டில் அந்தத் தண்ணீர் மெதுவாக அவர்களைப் பின்தொடர்ந்து வந்தது.

இருவரும் காருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மின் அலுவலகத்தின் அவசர எண்ணில் பேசிய பெண் இரண்டே கேள்விதான் கேட்டாள். குழாயில் ஷாக் அடிக்கிறதா? மெயின் அணைந்திருக்கிறதா? பிறகு அவள் குரல் மாறியது. "உள்ள போகாதீங்க. எதையும் தொடாதீங்க. தோட்டத்துக் குழாயையும்தான். ஆளு கிளம்பியாச்சு." கெர்ரினுக்குப் பயத்தைவிட முதலில் வந்தது ஒரு விதமான ஆறுதல். அந்தப் பெண் சிரிக்கவில்லை.

லைன்மேன் டோபின் ஆறு பத்துக்கு வந்தான். முழங்கை வரை ரப்பர் கையுறை போட்டிருந்தான். புல்தரையில் ஒரு திருப்புளியைக் குத்தி, மீட்டரின் ஒரு முனையை அதிலும் இன்னொன்றைத் தோட்டத்துக் குழாயிலும் வைத்தான்.

"தொண்ணூத்தெட்டு வோல்ட்டு" என்றான். பெட்டியைப் போய்ப் பார்த்தான், மெயின் இறங்கித்தான் இருந்தது. திரும்பி வந்து பக்கத்து வீட்டைப் பார்த்தான். "அங்க யாரு இருக்காங்க?"

"யாருமில்ல. அவர் செத்து ஆறு வாரமாச்சு."

"யாரோ கரண்ட் எடுக்கறாங்களே."

வேலியைத் தாண்டி அவன் போனபோது கெர்ரின் கார் ஜன்னலை இறக்கிக்கொண்டு பார்த்தாள். பூட்டிய கொட்டகையின் ஜன்னலில் நெற்றியை ஒட்டிப் பார்த்தான். பிறகு திரும்பி வந்து காரின் கூரையில் கையுறையோடு சாய்ந்தான்.

"டைமர் வச்ச பம்பு. அவரு இல்லாதப்ப தானா தண்ணி விட வச்சுட்டுப் போயிருக்கணும். தக்காளிக்கு மண்ணுக்கடியில சொட்டுக் குழாய் போட்டிருக்காரு. ஓடவும் முடியாம நிக்கவும் முடியாம முனகிக்கிட்டு கெடக்கு."

"அது எப்படி எங்க குழாயில?"

"கம்பத்துல ரெண்டு வீட்டுக்கும் பொதுவா ஒரு நியூட்ரல் வயர் வருது. உப்புக் காத்துல அது அரிச்சு அறுந்திருக்கணும். அவரு பம்புக்குப் போன கரண்ட் திரும்பிப் போக வழியில்ல. அதான் உங்க வீட்டுக் குழாய் வழியா பூமிக்கு எறங்கப் பாக்குது, உங்க விளக்குலயும் வோல்ட்ட ஏத்துது. வெளியிலேர்ந்து வர்றதால உங்க சேஃப்டி சுவிட்ச்சுக்கு அது தெரியாது. உங்க வீட்டுல சமையல், விளக்குன்னு ஏதாவது ஓடற வரைக்கும் ஒண்ணுக்கொண்ணு ஓரளவு ஈடு கட்டிக்கிச்சு. நீங்க மெயின அணைச்சதும் முழுசும் குழாய்க்கு வந்துருச்சு." அவன் தோட்டத்துக் குழாயைத் திரும்பிப் பார்த்தான். "சமீபத்துல தண்ணிக் குழாய் எதாவது மாத்தினீங்களா?"

லாக்லன் போன சனிக்கிழமைக்கு முந்தைய சனிக்கிழமை மாற்றியிருந்தான். துருத்தண்ணீர் வருகிறது என்று தெருவிலிருந்து வரும் பழைய இரும்புக் குழாயைத் தோண்டி எடுத்துவிட்டு, கடையில் நீலக்கோடு போட்ட பிளாஸ்டிக் குழாய் வாங்கி, ஒரே நாளில் தானே பதித்தான். க்ளெனிஸ்கூட வந்து நின்று மெச்சினாள்.

"அந்த இரும்புதான் இவ்வளவு நாள் சத்தமில்லாம மண்ணுக்குள்ள எறக்கிக்கிட்டு இருந்துச்சு" என்றான் டோபின். "பிளாஸ்டிக் எறக்காது. பாப்பா தொட்டுச்சா?"

"இல்ல" என்றாள் கெர்ரின்.

அவன் கம்பத்தில் ஏறி இறங்க ஒரு மணி நேரம் ஆனது. கழற்றிய இணைப்பைக் கொண்டுவந்து காட்டினான், பாசி பிடித்தது போலப் பச்சையாக இருந்தது. இரண்டு வீட்டிலும் மின்சாரம் வந்ததும், வழிந்துகொண்டிருந்த குளியலறைக் குழாயைக் கையுறையோடு மூடிவிட்டு, கொட்டகையின் பூட்டை உடைத்துப் பம்பைக் கையால் ஓடவிட்டே, ஒவ்வொரு குழாயிலும் மீட்டரை வைத்துக் காட்டினான். பூஜ்யம். எல்லாவற்றிலும் பூஜ்யம். திங்கட்கிழமை எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் கம்பியைச் சரிபார்க்கச் சொன்னான்.

"நீங்க கையுறையக் கழட்டிட்டுத் தொடுங்க" என்றாள் கெர்ரின்.

டோபின் அவளைப் பார்த்தான். கையுறை, பூட்ஸ், காலுறை எல்லாவற்றையும் கழற்றினான். குளியலறையின் ஈரத்தில் வெறுங்காலோடு நின்று குழாயைப் பிடித்தான். அவள் இருபது வரை எண்ணினாள்.

"ஒண்ணுமில்லங்க. நெசமா."

அவன் போன பிறகு அவளும் பிடித்தாள். விரல்கள் சுர்ரென்றன. கையை எடுத்தாள், அப்போதும் சுர்ரென்றன. தொட்டாலும் தொடாவிட்டாலும் ஒரே மாதிரிதான் இருந்தது. இது அவள் கை. அவள் கையாகத்தான் இருக்க வேண்டும்.

மார்னி துண்டுக்குள் கொட்டாவி விட்டாள். உடம்பெல்லாம் காரின் தூசு, கன்னத்தில் கண்ணீர்க் கோடு. குளிக்க வேண்டும் என்று அவளே கேட்டாள். கெர்ரின் தொட்டியைக் கழுவி, புதுத் தண்ணீர் பிடித்து, குழாயை மூடினாள். ஆனால் குழாயிலிருந்து கையை எடுக்கவில்லை, கடித்தால் முதலில் தன்னைத்தான் கடிக்கட்டும் என்று. மற்றக் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். குழாயைப் பிடித்துக்கொண்டு குழந்தையைத் தொடக்கூடாது என்று அவளாகவே முடிவு செய்திருந்தாள்.

"சோப்பு நீ போட மாட்டியா?"

"இன்னைக்கு நீயே போடு. பெரிய பொண்ணுல்ல."

"தலைக்கு?"

"அதுவும் நீதான்."

மார்னி கண்ணை இறுக மூடிக்கொண்டு தலையில் நுரையைத் தேய்த்தாள். பாதி காதுக்குள் போனது. கெர்ரின் ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிடித்த பிடியில் அவள் விரல்கள் வெளுத்து, பிறகு மரத்துப்போயின. இனி அது கடித்தாலும் தனக்குத் தெரியாது என்று அவளுக்கு உறைத்தது.

"தண்ணி போதும், வெளிய வா" என்றாள். "எதையும் பிடிக்காம வா."