வலப்பக்கத்து யன்னல்

வான் வண்டியில் ஏறுவதற்கு முன்பே என் வீட்டுக்காரர் தொடங்கிவிட்டார்.

"சுசீலா, வலப்பக்கமா இரு. அந்தப் பக்கம் வெயில் அடிக்கும்."

எங்கள் அலுவிகாரையில் அப்போதுதான் காகம் கரைய ஆரம்பித்திருந்தது. மலைக்குப் பின்னால் சூரியன் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை, இவருக்கு அதற்குள் வெயில். விமானம் பின்னேரம்தான். ஆனாலும் முதல் ஆளாய்ப் போய் நின்றால்தான் நல்ல சீட் கிடைக்கும் என்று இருட்டோடு என்னை எழுப்பிக் குளிக்க வைத்திருந்தார். அந்தக் கோபத்தில் நான் வேண்டுமென்றே இடப்பக்கம் போய் உட்கார்ந்தேன். வான் எங்கள் பக்கத்து வீட்டு அப்துல் ஸமத்துடையது. அவர் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

என் வீட்டுக்காரர் இராசலிங்கம் மாத்தளை நில அளவைக் கந்தோரில் படவரைஞர். யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறையில் பிறந்து வேலைக்காக இங்கே வந்தவர். நான் இந்த ஊரிலேயே பிறந்து இங்கேயே படிப்பிக்கிறவள். கலியாணமான நாளிலிருந்து நாங்கள் கண்டிக்குப் பஸ் ஏறாத மாதம் கிடையாது. காலையில் தெற்கே போகும்போது வெயில் இடப்பக்கம் அடிக்கும், ஆகவே வலப்பக்கம். பின்னேரம் வடக்கே திரும்பும்போதும் வெயில் இடப்பக்கம்தான், ஆகவே மறுபடியும் வலப்பக்கம். இதை ஏதோ தானே கண்டுபிடித்த மாதிரி கந்தோரெல்லாம் சொல்லித் திரிந்தார். சரி, வலப்பக்கம் என்றே இருக்கட்டும். அங்கேயும் யன்னல் அவருக்கு, நடைபாதை ஓரம் எனக்கு. கொண்டக்டரின் இடுப்பும் ஊரார் குடைக்கம்பியும் இடித்து இடித்தே என் ஒரு தோள் தேய்ந்துவிட்டது. ஒருநாளாவது "நீ யன்னலுக்கு வா" என்று அந்த மனுஷன் சொன்னதில்லை, நானும் வாய்விட்டுக் கேட்டதில்லை. கேட்டு வாங்குவதற்கு அது என்ன காணியா?

லண்டனில் எங்கள் மகள் இந்துமதி நிறைமாதமாக இருந்தாள். முதல் பிள்ளை வயிற்றுக்குள்ளேயே போய்விட்டது. அந்த முறை பக்கத்தில் யாரும் இல்லை, மருமகன் வேலைக்குப் போயிருந்தார், வீட்டில் தனியாக விழுந்து கிடந்திருக்கிறாள். இந்த முறை தொலைபேசியில், "அம்மா, நீங்க வந்தாத்தான் எனக்குத் தைரியம்" என்று மட்டும் சொன்னாள். அழுகிறாள் என்று எனக்குத் தெரியாதா? விசா கிடைக்கப் பட்ட பாடு தனிக்கதை. வலி வருவதற்குள் அவள் பக்கத்தில் போய் நின்றுவிட வேண்டும், அதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இருக்கவில்லை. இவருக்கும் அதே பயம்தான். பயம் வந்தால் மற்ற மனுஷர் கோயிலுக்குப் போவார்கள், இவர் ஸ்கேலை எடுப்பார்.

ஸமத் குவைத்தில் வேலை செய்து திரும்பியவர், விமானத்தில் போய்வந்து பழக்கப்பட்டவர். அவரை இவர் தினமும் பின்னேரம் கூப்பிட்டு வைத்து விசாரித்தார். சிகரெட் குடிக்கிறவர்களைப் பின்வரிசைகளில் இருத்துவார்கள், அதனால் முன்னுக்கு இருக்க வேண்டும். இறக்கைக்கு நேரே இருந்தால் இறக்கையைத் தவிர ஒன்றும் தெரியாது. சீட் எது என்பதை எயார்போட்டில் கவுண்டரில் வைத்துத்தான் கொடுப்பார்கள். இதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரு ட்ரேசிங் பேப்பரில் விமானத்தையே வரைந்துவிட்டார். கதவு, இறக்கை, வரிசை வரிசையாகச் சீட்டுகள், சூரியன் போகிற பாதைக்கு ஒரு நீண்ட அம்பு. வடமேற்கே போகிற விமானம், வெயில் இடப்பக்கம், ஆகவே வலப்பக்கமாம். அட, அங்கேயுமா! இறக்கைக்கு முன்னால், வலப்பக்கத்தில், சிவப்பு மையால் இரண்டு புள்ளி. யன்னல் புள்ளியின் கீழே 'சு' என்று எழுதியிருந்தது, அடுத்ததன் கீழே 'இ'.

"யன்னல் எனக்கா?" என்று கேட்டேன்.

"பஸ்ஸில நான் இருந்தது போதும். அவ்வளவு தூரம் போறோம், நீ பார்த்துக்கொண்டு வா."

எனக்கு வந்த சந்தோஷத்தை நான் அவரிடம் காட்டவில்லை. காட்டினால் அதையும் ஊரெல்லாம் சொல்லுவார். "சரி, இத வீட்டில வச்சிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னேன். "கட்டுநாயக்கா எயார்போட்டில பிளேன்ல குண்டு வெடிச்சு இன்னும் நாலு மாசம் ஆகல்ல. நம்ம தமிழ்ப் பெயரோட இந்தப் படத்தையும் கொண்டு திரிய வேணாம்."

"ஓமோம்" என்றார். எதைச் சொன்னாலும் அவர் சொல்லுகிற ஓமோம்.

உக்குவளை ரெயில்வே கேட்டுக்குக் கிட்ட, ரோட்டின் இடப்பக்கம், மணல் மூட்டை அடுக்கிய ஆமிக்காரரின் செக்கிங். வழக்கமாக ஸமத்தின் முகத்தைப் பார்த்துக் கையைக் காட்டி அனுப்பிவிடுவார்கள். அன்று எல்லோரையும் இறங்கச் சொன்னார்கள். என் அடையாள அட்டையைப் பார்த்தவன் உடனே திருப்பித் தந்தான். இவருடையதைப் பார்த்தவன் பிறந்த இடம் எழுதிய வரியில் விரலை வைத்தபடி இவருடைய முகத்தைப் பார்த்தான். மீசை சரியாக முளைக்காத பொடியன், என்னிடம் படித்திருந்தால் காதைத் திருகியிருப்பேன். பிறகு பாஸ்போட்டைக் கேட்டான். இவர் சட்டைப் பைக்குள் கையை விட்டார். பாஸ்போட்டோடு சேர்ந்து அந்தத் தாளும் வந்து, சரசரவென்று விரிந்து நிலத்தில் விழுந்தது.

பொடியன் அதை எடுத்து வானத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தான். வெளிச்சத்தில் விமானம் முழுசாகத் தெரிந்தது. என் புள்ளியும் அவர் புள்ளியும் பளிச்சென்று தெரிந்தன. அவன் துவக்கைத் தோளிலிருந்து இறக்கிக் கையில் பிடித்தான்.

உள்ளேயிருந்து பொறுப்பானவர் வந்தார். நாற்பது வயதிருக்கும், அமைதியான முகம். கத்துகிற ஆளாக இருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. எல்லாம் சிங்களத்தில்தான் நடந்தது.

"யார் வரைந்தது?"

"நான்தான், மஹத்தயா."

"எதற்கு?"

"நல்ல சீட் எடுக்க."

"டிக்கெட் இருந்தால் சீட் தருவார்கள்தானே?"

"தருவார்கள். நல்ல சீட்டாக எடுக்கத்தான்."

"இந்தச் சிவப்பு என்ன?"

"இது என் மனைவி. இது நான்."

"இந்த அம்பு?"

"வெயில்."

அந்த மனுஷர் சிரித்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். நான் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்துத் தன் பைக்குள் வைத்தார். "விமானம் எப்போது?" என்று கேட்டார். பின்னேரம் என்று இவர் சொன்னார். "அப்படியென்றால் நேரம் இருக்கிறதே. மேலிடத்திலிருந்து ஒருவர் வந்து பார்க்க வேண்டும்" என்று உள்ளே போய்விட்டார்.

சீட்டுக்காக இவர் சேர்த்து வைத்த நேரமெல்லாம் அந்த வாசலில் கரையத் தொடங்கியது. பலாமர நிழலில் சிப்பாய்கள் நின்றார்கள். இவரை வெளியே ஒரு வாங்குப் பலகையில் இருத்தினார்கள், வெயில் விழுகிற பக்கம். பஸ்ஸில் ஒரு விரற்கடை வெயிலுக்கே முணுமுணுக்கிறவர் கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். நான் கிட்டப் போனேன், "அம்மா வானில் இருங்க" என்றார்கள். இன்னொரு முறை போனேன், மரியாதை கொஞ்சம் குறைந்தது. ஸமத் ரோட்டில் சைக்கிளில் பாண் விற்க வந்தவரை நிறுத்தி, மாத்தளையில் இவருடைய கந்தோர்ப் பெரியவருக்குச் சேதி சொல்லி அனுப்பினார். அவர் சிங்களவர், இவர்மேல் மிகவும் பிரியமானவர், எப்படியும் வருவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வெள்ளைச் சட்டையோடு போனார்கள். ரெயில் ஒன்று போனது, கேட் திறந்தது, வாகனங்கள் ஒவ்வொன்றாகப் போயின. எந்த ஜீப்பின் சத்தம் கேட்டாலும் எழுந்து நின்றேன். மேலிடத்திலிருந்தும் ஒருவரும் வரவில்லை, கந்தோரிலிருந்தும் வரவில்லை.

கடைசியில் ஸமத் வானுக்குள் தலையை நீட்டினார். "டீச்சர், இதுக்கு மேல நின்டா பிளேன் கிடைக்காது. நான் ரோட்டுக் கணக்குப் பார்த்துட்டுத்தான் சொல்றேன்."

பொறுப்பானவரிடம் போனேன். என் தாள்களில் பிழையில்லை, நான் போகலாம், இவர் இருக்க வேண்டும் என்றார். நான் அழுததைப் பார்த்து, இவரோடு கொஞ்சம் பேச விட்டார்.

"நான் போகல்ல" என்றேன்.

"போகாம என்ன செய்யப் போற? இங்க நின்டு இவங்க முகத்தப் பார்க்கப் போறியா? இந்து தனிய இருக்கிறா."

"உங்கள இப்படி விட்டுட்டு..."

"என்னய என்ன செய்யப் போறாங்க? சீட்டுப் படம்தானே கீறினேன்."

சிரிக்கப் பார்த்தார். ஸ்கேல் இல்லாமலே கோணாமல் கோடு இழுக்கிற கை, முழங்காலில் சும்மா கிடந்தது. அந்தக் கையை நான் பிடித்தேன். இத்தனை வருஷத்தில் ரோட்டோரத்தில் ஆட்கள் பார்க்க நான் அவர் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. இப்படிக் கொண்டு போன எத்தனையோ பேரைப் பற்றி மாத்தளைக் கடைகளில் மெல்லிய குரலில் பேசிக்கொள்வார்கள். எல்லாம் ஒன்றாக ஞாபகம் வந்தது. மகள் தரையில் கிடந்ததும் ஞாபகம் வந்தது. இரண்டு பேரில் ஒருவரை விடச் சொன்னால் ஒரு பொம்பிளை யாரை விடுவாள்?

"சுணங்காத" என்றார். "பிந்திப் போனா கடைசி வரிசைதான் தருவாங்க. சிகரெட் புகைக்குள்ள இருக்கணும்."

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. "சீட்டும் மண்ணாங்கட்டியும்!" என்று எல்லோருக்கும் கேட்கக் கத்தினேன். "உங்கட சீட்டாலதான் இவ்வளவும்!"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். சிப்பாய் வந்து எங்களுக்கு நடுவில் நின்றான். நான் வானில் ஏறினேன். ஏறிய பிறகுதான் அந்தச் சொல்லை எப்படியாவது திருப்பி வாங்க வேண்டும் போல இருந்தது, வேறு ஏதாவது ஒரு சொல்லாவது சொல்லிவிட்டு வந்திருக்கலாம். ஸமத் அதற்குள் வண்டியை எடுத்துவிட்டார். "உங்கள விட்டுட்டு நேரா இங்கதான் வருவேன் டீச்சர். ஐயாவ கூட்டிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவேன்" என்றார். அவருடைய குரலில் நம்பிக்கை இருந்ததா என்று நான் கேட்டுப் பார்க்கவில்லை.

கேட்டைத் தாண்டும்போது தலையை வெளியே நீட்டித் திரும்பிப் பார்த்தேன். அவர் வாங்கிலிருந்து எழுந்து நின்றார். கையைக் காட்டுவார் என்று நினைத்தேன். வலது கையைத் தூக்கி, தன் வலது தோளில் இரண்டு தரம் தட்டினார். பிறகு என்னைப் பார்த்து இன்னொரு தரம் தட்டினார்.

"ஐயா என்ன சொல்றாரு?" என்று ஸமத் கேட்டார்.

"வலப்பக்கமாம்."

"எதில? வான்லயா, பிளேன்லயா?"

எனக்குத் தெரியவில்லை. வலப்பக்கத்து இருக்கை நிழலாகத்தான் இருந்தது, அவருடைய குடை அதில் குறுக்கே கிடந்தது. இடப்பக்க யன்னலில் வெயில் நேரே என் முகத்தில் அடித்தது, கண் கூசித் தண்ணீர் வந்தது. இந்தப் பக்கம் இருந்தால்தான் அவர் தெரிவார். நான் இடம் மாறவில்லை. வளைவு வந்து மறைக்கும்வரை அவருடைய கை அந்தத் தோளிலேயே இருந்தது.