அந்தோனியாளுக்கு ஒப்புக்கொடுத்த பூசை

ஒல்லாந்தர் காலத்தில் கத்தோலிக்கக் குருவானவரை ஒளித்துவைத்துச் சவுக்கடி பட்ட அந்தோனியாள்தான் தங்கள் வம்சத்தின் மூதாய் என்று மேரிறோஸின் குடும்பம் நம்பியிருந்தது. மன்னாரை விட்டு மெல்பேர்ன் வந்த பிறகும் ஆண்டுதோறும் கிரெய்கிபர்ன் தேவாலயத்தில் அவளுக்குப் பூசை ஒப்புக்கொடுத்தார்கள். இம்முறை வம்ச வரலாறு எழுதத் தொடங்கிய மேரிறோஸ், அந்தோனியாளின் வழக்குப் பதிவைக் கொழும்பிலிருந்து எடுப்பித்து, பழைய டச்சு தெரிந்த ஒருவரிடம் மொழிபெயர்க்கக் கொடுத்தாள்.

பூசைக்கு மூன்று நாள் இருக்கும்போது மொழிபெயர்ப்பு வந்தது. பதிவில் குருவானவரே இல்லை. குற்றம் சூனியம். காய்ச்சல்காரருக்குத் தண்ணீர் ஓதிக் கொடுத்திருக்கிறாள். ஒரு குழந்தை செத்ததும் பழி அவள்மேல் விழுந்தது. சவுக்கடி, பிறகு நாடுகடத்தல். பிள்ளைகள் இல்லை. முறைப்பாடு கொடுத்தவர் அவளுடைய தமையன் சுவாம்பிள்ளை, ஒல்லாந்தரிடம் சம்பளம் வாங்கிய உபாத்தியாயர். குடும்பம் அவளுடைய பிள்ளைகள் என்று எண்ணிய அத்தனை பேரும், பதிவின்படி, அவருடைய பிள்ளைகள்.

மேரிறோஸ் தன் அண்ணன் கிறிஸ்ரியனைக் கூப்பிட்டுக் குசினி மேசையில் தாளை வைத்தாள். யாருக்காகப் பூசை என்று அறிவிக்கும் பூசைக் கருத்தை ஆண்டுதோறும் வாசிப்பவர் அவர்தான்.

“அண்ணா, நாங்கள் அடிபட்டவளின்ரை ஆக்கள் இல்லை. காட்டிக்குடுத்தவரின்ரை ஆக்கள்.”

“நீ ஏன் இதையெல்லாம் கிண்டினனீ? அறுபது பேர் வருகினம்.”

“அப்ப நாங்கதான் ஸ்னிச்சா?” என்று சிரித்தான் அவள் மகன் றிஷி.

“வாயைப் பொத்தடா. மேரி, சுவாம்பிள்ளையின்ரை பேரைக் கோயிலிலை வாசிக்க என்னாலை ஏலாது.”

“அப்ப பூசையே வேண்டாம். இன்னொருக்கா அவளின்ரை பேரிலை பொய் சொல்ல நான் விடமாட்டன்.”

அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

சனிக்கிழமை பூசைக்குக் கிறிஸ்ரியன் பிந்தித்தான் வந்தார். நேரே வாசக மேடைக்குப் போனார். “சூனியக்காரி என்று பழிசுமத்தப்பட்டு நாடுகடத்தப்பட்ட அந்தோனியாளின் ஆன்ம இளைப்பாற்றிக்காக,” என்று வாசித்தார். அதோடு நிறுத்திவிடுவார் என்று மேரிறோஸ் நினைத்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டார்.

“அவளைக் காட்டிக்கொடுத்த அண்ணன் சுவாம்பிள்ளையின் வம்சத்தார், அவளிடம் மன்னிப்புக் கேட்டு ஒப்புக்கொடுக்கும் பூசை.”

“என்ன வாசிக்கிறார் இவர்?” என்றது ஒரு குரல், உரக்க. இரண்டு குடும்பங்கள் எழும்பிப் போயின. மற்றவர்கள் இருந்தார்கள். சுவாமியார் சிலுவை அடையாளம் போட்டுப் பூசையைத் தொடங்கினார்.